ஆரும் இல்ல, ஏமானே

ஞானபாய் விடிந்ததும் கூடையும் மண்வெட்டியுமாக வீட்டுக்குப் பின்னால் இருந்த விளைக்கு, அதாவது தோட்டத்துக்கு, போனாள். மரச்சீனி என்கிற மரவள்ளியில் இரண்டு மூடு பிடுங்கி அவித்தால் அவளுக்கும் சின்னஞ்சிறு மகள் லீலாவுக்கும் அன்றைய பாடு கழிந்துவிடும். போய்ப் பார்த்தால் கீழ்வரிசை முழுக்க மண் கிளறிக் கிடக்கிறது. கிழங்கைக் கடித்துத் துப்பி, தண்டை முறித்துப் போட்டு, வரப்பையும் குத்திச் சரித்துவிட்டுப் போயிருக்கிறது காட்டுப்பன்றி.

"நாசமாப் போற சவமே! எனக்க பிள்ளைக்க வாயில உள்ளதப் பிடுங்கித் தின்னியே, நீ வெளங்குவியா?" என்று செடிகளைப் பார்த்துக் கத்தினாள்.

பக்கத்து வீட்டு சத்தியபாய் வேலிக்கு மேலே தலையை நீட்டினாள். "ஆருகிட்ட மக்கா சண்ட போடுத? பன்னி இப்பம் எங்கயாவது சொகமாட்டு கெடந்து ஒறங்கும்."

"ஒறங்கட்டும் எக்கா. ஒரு நாளு அது துப்பாக்கி வெடி கொண்டு சாவும். நான் அத எனக்க கண்ணால காணணும்."

பாறசாலைக்கும் அமரவிளைக்கும் இடையில் உள்ள சின்ன ஊர் அது. எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்த காலம். மலையாளப் பக்கம் இருந்த நெய்யாற்றின்கரைத் தாலுகாவையும் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலம் போனவர்களில் ஞானபாயின் கணவன் ஜெயதாசும் ஒருவன். சந்தையில் தையல் மெஷின் போட்டுப் பிழைத்த சாதுவான மனிதன். கூட்டத்தோடு நாலு கோஷம் போட்டான், அவ்வளவுதான். அதற்கே போலீஸ் அவனைத் தேடியது. அவன் அமரவிளையில் அக்காள் வீட்டில் போய் ஒளிந்துகொண்டான். மகளைப் பார்த்து வாரக்கணக்கு ஆகியிருந்தது.

அந்த மாதங்களில் ஊருக்கே ஒரு பழக்கம் படிந்துவிட்டது. காக்கிச் சட்டையைக் கண்டால் ஆண்கள் மரச்சீனி விளைக்குள் பாய்ந்து குப்புறப் படுத்துவிடுவார்கள். ஆளுயரத்துக்கு மேல் அடர்ந்து நிற்கும் செடி. உள்ளே ஒருவன் கிடந்தால் வெளியே தெரியாது. போலீஸ்காரர் வந்து, "உள்ளே ஆள் உண்டா?" என்று கேட்டால் பெண்கள் எல்லாரும் ஒரே வாயாக, "ஆரும் இல்ல, ஏமானே" என்பார்கள். ஏமான் என்றால் எஜமான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடி ஜெபிக்கிற பெண்கள்கூடக் கண் இமைக்காமல் இந்தப் பொய்யைச் சொன்னார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. பிடிபட்டவர்கள் எப்படித் திரும்பி வந்தார்கள் என்று பார்த்தவர்கள் அவர்கள்.

அன்று காலையிலேயே பன்றி விஷயம் முற்றிவிட்டது. தொழுவத்தில் பசுவை அவிழ்க்கப் போன அதே ஊர்க்காரன் வேலாயுதனின் தொடையைக் குத்திக் கிழித்துவிட்டு அது ஓடிவந்து ஞானபாயின் விளைக்குள்ளேயே புகுந்துகொண்டது. வேலாயுதனைக் கட்டிலோடு தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவன் மனைவி சரசம்மா தலைவிரி கோலமாகப் போலீஸ் ஸ்டேஷனில் போய் அழுதாள். மத்தியானம் போலீஸ் வண்டி வந்தது. அதில் ஓர் இளம் சப்-இன்ஸ்பெக்டரும், கிருஷ்ணன்குட்டி என்ற வயதான ஏட்டும், இரண்டு கான்ஸ்டபிள்களும் இருந்தார்கள். துப்பாக்கி ஏட்டின் கையில் இருந்தது.

கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்! போலீசைக் கண்டால் ஓடுகிற ஊர், பன்றியைச் சுடப் போகிறார்கள் என்றதும் திருவிழாவுக்கு வந்த மாதிரி திரண்டுவிட்டது. மதில்மேல் ஆள், மாமரத்தில் ஆள், விளைக்கு அந்தப்பக்கம் ஓலைச்சுவர் வீட்டின் வாசலில் கைக்குழந்தையோடு ஒருத்தி. துப்பாக்கிக் குண்டுக்கு ஓலை எது, ஆள் எது என்று தெரியாது. அந்த நினைப்பு அங்கே ஒருவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்தா ஜெயதாஸ் வர வேண்டும்! மகள் நினைப்புத் தாங்காமல் அவன் ஓடைக்கரை வழியாகப் பதுங்கிப் பதுங்கி வீட்டின் பின்புறம் வந்து சேர்ந்தான். மரங்களுக்கு இடையில் காக்கிச் சட்டை தெரிந்தது. தன்னைப் பிடிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தான். மறு யோசனை இல்லாமல் தன் விளைக்குள்ளேயே பாய்ந்து படுத்துவிட்டான். அதே விளையில் பன்றி கிடப்பது பாவம் அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் பாய்ந்ததை சத்தியபாய் ஒருத்தி மட்டும் பார்த்தாள்.

ஏட்டு கிருஷ்ணன்குட்டி வரப்பின்மேல் நின்று உரக்கக் கேட்டார். "விளைக்குள்ள ஆளு உண்டா?"

"ஆரும் இல்ல, ஏமானே!" என்று எல்லாரும் சொன்னார்கள். சத்தியபாயும் சொன்னாள். உண்மையைச் சொன்னால் ஜெயதாஸ் பிடிபடுவான் என்ற ஒரே பயம்தான் அவளுக்கு. வாய் பழக்கப்படி சொல்லிவிட்டது.

நடுவிளையில் இலைகள் அசைந்தன. கொஞ்சம் தள்ளி, இந்தப் பக்கமும் அசைந்தன. முன்னது பன்றி, பின்னது ஜெயதாஸ்.

ஏட்டு துப்பாக்கியைத் தோளில் வைத்துக் குறி பார்த்தார். பிறகு இறக்கினார்.

"எந்தா ஏட்டே, வெடி வையும்!" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"சாரே, எல அனங்குது. பன்னியக் காணல்ல."

"ஆளில்லன்னு அவரெல்லாம் பறஞ்சில்லே?"

"அதாக்கும் சாரே எனக்குப் பயமும் பேடியும். இந்த ஊருல நம்ம எப்பம் கேட்டாலும் ஆரும் இல்லன்னுதான் பறயும். அதுவுமில்லாம, எனக்கும் வீட்டுல மரச்சீனி உண்டு. அதுக்குள்ள ஒருத்தன் வெளிக்கிருக்காத நேரம் உண்டா சாரே? கண்ணு காணாத்த ஒண்ணுமேல நான் வெடி வைக்க மாட்டேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "ஏட்டுக்குப் பன்னியக் கண்டு பேடி டோய்!" என்று மாமரத்தில் இருந்து ஒருவன் கத்தினான். சப்-இன்ஸ்பெக்டரின் முகம் சிவந்தது. இத்தனை பேர் முன்னால் தன் சொல் எடுபடவில்லையே என்ற கோபம் அவருக்கு.

ஞானபாய்க்கோ பொறுமையே போய்விட்டது. அவள் வரப்பின்மேல் ஏறி நின்று கையை நீட்டினாள். "சுடுங்க ஏமானே! அந்தா அனங்குதே, அதுதான் சவம்! பாத்துட்டு நிக்காதுங்க, சுடுங்க!"

அவள் காட்டிய இடத்தில் அவள் புருஷன் மண்ணோடு மண்ணாகக் கிடந்தான். மனைவியின் குரலை அவன் கேட்டான். எழுந்து ஓடினால் பிடித்துவிடுவார்கள் என்று அப்போதும் அசையாமல் கிடந்தான்.

"தோக்க இஞ்ச தா" என்று சப்-இன்ஸ்பெக்டர் துப்பாக்கிக்குக் கையை நீட்டினார்.

சத்தியபாய் அதற்குமேல் தாங்கவில்லை. ஓடிவந்து ஞானபாயின் தோளைப் பிடித்து இழுத்தாள். "எடீ, வாய மூடு! அது பன்னி இல்லடீ. ஒனக்க மாப்பிள ஆக்கும் அதுக்குள்ள கெடக்கியது. நான் எனக்க ரெண்டு கண்ணாலயும் கண்டேன்" என்று காதுக்குள் சொன்னாள்.

உள்ளே ஆள் உண்டு என்று சொன்னால் போலீஸ் கொண்டுபோய்விடும். இல்லை என்றால் குண்டு கொண்டுபோய்விடும். எத்தனையோ முறை புருஷனைக் காத்த பொய் இன்றைக்கு அவனைக் கொல்லப் போகிறது. அவள் ஓடிப்போய்த் துப்பாக்கிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"சுடாதுங்க ஏமானே! உள்ள ஆளு உண்டு. எனக்க வீட்டுக்காரரு உண்டு. ஜெயதாஸ். நீங்க தேடுத ஆளுதான். பிடிச்சுக்கொண்டு போங்க, ஜெயில்ல போடுங்க, வெடி மட்டும் வைக்காதுங்க!"

சப்-இன்ஸ்பெக்டரின் நீட்டிய கை தானாக இறங்கியது. தான் என்ன செய்ய இருந்தோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஏட்டே, நீரு பறயும்படியே செய்யலாம்" என்றார்.

கிருஷ்ணன்குட்டி நேரத்தை வீணாக்கவில்லை. "எலே, மரத்துல உள்ளவன் எல்லாம் எறங்கு! அந்த வீட்டுல உள்ள பிள்ளையளக் கூட்டி அங்கோட்டு மாறு!" என்று முதலில் ஊரை அதட்டி ஒதுக்கினார். பிறகு விளையைப் பார்த்து, "ஜெயதாசே, எழும்பாண்டாம். நெலத்தோட ஒட்டி எனக்க ஒச்சை கேக்கிய பக்கமாட்டு இழஞ்சு வா. ஒனக்குப் பின்னால பன்னி கெடக்கு. பேடிக்காண்டாம், நான் நிக்கேன்" என்று கூப்பிட்டார்.

இலைகள் அசைந்து அசைந்து வரப்பை நோக்கி நெருங்கின. மண் அப்பிய ஒரு தலை வெளியே வந்தது. ஞானபாய் அதைப் பிடித்து மார்போடு சேர்த்துக்கொண்டு, "கர்த்தாவே, கர்த்தாவே" என்று அழுதாள். அப்புறம் அந்த முதுகிலேயே இரண்டு அடியும் வைத்தாள். "வாறதா இருந்தா ஒரு வாக்கு சொல்லப்பிடாதா ஓய்?"

பின்னர் ஆண்கள் மேல்பக்கம் நின்று தகரம் தட்டினார்கள். பன்றி வெருண்டு கீழ்ப்பக்கம் பாய்ந்து, அறுவடை முடிந்த வயலில் இறங்கியது. அங்கே மனிதன் இல்லை. அதற்குப் பின்னால் உயர்ந்த மண்கரை. முழுப் பன்றியும் கண்ணுக்குத் தெரிந்த பிறகே கிருஷ்ணன்குட்டி சுட்டார். ஒரே குண்டு, அது விழுந்துவிட்டது. அன்றைக்கு ஊரெல்லாம் கறிவாசம்.

ஜெயதாஸை அவர்கள் விடவில்லை. அதையும் சொல்லத்தானே வேண்டும். வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆனால் மகளைத் தூக்கி முத்தம் கொடுக்கும்வரை ஏட்டு வண்டியை எடுக்கவிடவில்லை. ஸ்டேஷனிலும் அன்று முழுதும் அவன் பக்கத்தை விட்டு நகரவில்லை. ஒருவர் கையும் அவன்மேல் விழவில்லை.

அடுத்த வாரம் ஞானபாய், சத்தியபாயைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு நெய்யாற்றின்கரை ஜெயிலுக்குச் சோறு கொண்டுபோனாள். திரும்பி வரும்போது அமரவிளையில் பஸ் நின்றது. சாலையோரம் கிருஷ்ணன்குட்டி காவலுக்கு நின்றிருந்தார். ஞானபாய் இறங்கி ஓடிப்போய், ஸ்டேஷனில் அவருக்குக் கொடுக்கக் கட்டிவைத்திருந்த ஒரு சின்னப் பொதியை அவர் கையில் வைத்துக் கும்பிட்டாள். உள்ளே அவித்த மரச்சீனியும் காந்தாரி மிளகாய்த் துவையலும் இருந்தன.

"எங்க குடும்பத்துக்கு உசிரு தந்தது நீங்களாக்கும் ஏமானே. சாவுந்தட்டியும் மறக்கமாட்டேன்."

கிருஷ்ணன்குட்டி சங்கடத்தோடு தொப்பியைச் சரிசெய்தார். "நான் என்னம்மா செய்தேன்? நீ பொய் பறயாம நேரு பறஞ்சே, அவன் பெழச்சான். போலீசுகிட்ட சனங்க நேரு பறயணும்னா, போலீசும் அதுக்குத் தக்கதாட்டு நடக்கணும். எங்க பக்கமும் தப்பும் தெற்றும் உண்டு" என்றார்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் சத்தியபாய் முணுமுணுத்தாள். "நல்ல கூத்து! மாப்பிளையப் பிடிச்சுக்கொண்டு போனவனுக்கா மக்கா கும்பிடுத?"

ஞானபாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஆமா எக்கா. ஜெயிலுக்குச் சோறு கொண்டு போறேன். அவரு வாங்கித் தின்னுட்டு, மீன்கறியில உப்பு கொறவுன்னு கொறையும் சொல்லுதாரு. அண்ணைக்கு எனக்க சொல்ல அந்த மனுசன் கேட்டிருந்தா, கல்லறைக்கு நான் எதக் கொண்டு போவேன்? தோக்கு வச்சிருக்கியவன் கண்ணால காணாத்ததச் சுடப்பிடாது. சுத்தி நிக்கிய நம்மளும் சுடு சுடுன்னு கத்தப்பிடாது. உள்ள கெடக்கியது ஆருக்க வீட்டு ஆளுன்னு, சத்தம் போடும்ப நமக்குத் தெரியுமா?"