வால் இல்லாத போன்

அக்காவின் மேஜையில் போன்களுக்குப் பஞ்சமே கிடையாது. பெரிசு, சிறிசு, மூலை உடைந்தது, கண்ணாடி விரிசல் விட்டது என்று வரிசையாகப் படுத்துக் கிடக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வயர் கிளம்பி கம்ப்யூட்டருக்குப் போகும். ஒரு தடவை சோதனை நடுவில் ஒரு போன் சார்ஜ் தீர்ந்து செத்துப்போய், அன்றைய வேலை மொத்தமும் பாழாயிற்று. அன்றைக்கு அக்கா போட்ட சட்டம்தான் இது: எந்தப் போனும் எந்த நேரத்திலும் வயரை விட்டு இறங்கக் கூடாது. கூட்டாளி ஒரு நாள் மறந்துபோய்க் கழற்றிவிட்டு வாங்கிய திட்டு இருக்கிறதே, அப்பப்பா!

அந்த ஆபீஸில் ஆள் என்று பார்த்தால் அக்காவும் கூட்டாளியும்தான். இரண்டு பேரும் சேர்ந்து செய்தது ஒரே ஒரு ஆப். பெயர் 'எழுப்பி'. காது கேட்காத அம்மா அப்பாக்களுக்காகச் செய்தது. தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய போனை வைத்துவிட வேண்டும். குழந்தை அழுதால் அது கேட்டுக்கொண்டு, அம்மாவின் போனுக்குச் சேதி அனுப்பும். அம்மாவின் போன் தலையணைக்கு அடியில் கிடந்து தடதடவென்று அதிரும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த அவ்வளவை நம்பித்தான் எத்தனையோ வீட்டில் தூங்குகிறார்கள்.

அடுத்த வாரம் எல்லாப் போனுக்கும் புது அப்டேட் வருகிறது. போனின் அடி மூச்சையே மாற்றுகிற பெரிய அப்டேட். வேண்டாம் என்று தள்ளினாலும் இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்குத் தானாக ஏறிக்கொள்ளும். அதில் தங்கள் ஆப் ஓடுமா, படுத்துக்கொள்ளுமா என்று ஆப் செய்கிறவர்கள் எல்லோரும் தவித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு மட்டும் கவலை இல்லை. முன்கூட்டியே கிடைத்த சோதனை அப்டேட்டை எல்லாப் போனிலும் ஏற்றி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாயிற்று. அழுகைச் சத்தத்தைப் போட்டால் அத்தனை போனும் மேஜையே ஆடுகிற மாதிரி அதிர்ந்தன. 'புது அப்டேட்டுக்கு எழுப்பி தயார்' என்று ஆப்பில் அறிவிப்பும் போட்டுவிட்டாள்.

அந்தத் தெம்போடுதான் சனிக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனாள்.

தங்கைக்கு வீட்டில் பெயர் சிட்டு. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவாள். பதிலைக் கையால் சொல்வாள். அக்காவோடு சண்டை என்று வந்துவிட்டால் அந்தக் கை போகிற வேகத்துக்கு வாய் உள்ளவர்கள் பிச்சை வாங்க வேண்டும். கைக்குழந்தைக்கு இன்னும் பெயர் முடிவாகவில்லை. இப்போதைக்கு வாண்டு.

சிட்டுவின் புருஷன் ராத்திரி பஸ் ஓட்டுகிறவர். பிள்ளை பிறந்ததும் எடுத்த லீவு முடிந்து, திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறார். அவர் போய்விட்டால் ராத்திரியில் வீட்டில் சிட்டுவும் வாண்டும் மட்டும்தான். பிரச்சினையே அதுதான். அவருடைய அம்மாவுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

அந்த அம்மாவை அக்கா நேரில் அத்தை என்று கூப்பிடுவாள். மனசுக்குள் வைத்திருந்த பெயர் சைரன். பஞ்சு மில்லில் மிஷின்களுக்கு நடுவில் நின்று ஆயுசில் பாதியைக் கழித்தவர். மில்லை விட்டு வந்தும் மில் குரல் விடவில்லை. உப்பு எடு என்றாலும் ஊரைக் கூட்டுகிற மாதிரிதான் இருக்கும்.

"ஏம்மா, நான் சொல்றது தப்பா?" என்று அன்றைக்கும் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "பச்சப் பிள்ளை. ராத்திரி மூச்சு முட்டி அழுதா இவளுக்குத் தெரியுமா? பெருசாகுற வரைக்கும் ரெண்டு பேரும் என் வீட்டுல இருக்கட்டும்."

சிட்டு கையை உயர்த்தி, மாட்டேன் என்றாள். ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லவில்லை. என் வீடு, என் பிள்ளை, நான் பார்த்துக்கொள்வேன். இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நடுவில் மாட்டிக்கொண்ட மாப்பிள்ளை, பாவம், காய்கறி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு நழுவிவிட்டார்.

கடைசியில் அத்தையே ஒரு வழிக்கு வந்தார். "சரி. உங்க அக்கா செஞ்ச ஆப்பு எழுப்புதான்னு என் முன்னால காட்டுங்க. எழுப்புச்சுன்னா நான் அப்புறம் வாயைத் திறக்க மாட்டேன். எழுப்பலைன்னா மூட்டையைக் கட்டிட்டு என்கூட வரணும்."

"இவ்வளவுதானே அத்தை! இப்பவே காட்டுறேன்," என்றாள் அக்கா. சிட்டுவும் சரி என்றாள்.

அடுத்த வாரம் வரப்போகிற அப்டேட்டின் சோதனைப் பிரதியை அக்கா சிட்டுவின் போனில் ஏற்றினாள். தொட்டிலுக்குப் பக்கத்தில் பழைய போன் சார்ஜில் கிடந்தது. வாண்டு பால் குடித்துவிட்டுத் தொட்டிலில் தூங்கினான். சிட்டு அத்தைக்கு டீ கொண்டுவந்தாள். முன்னால் போய் நின்று, முகத்தைக் காட்டிவிட்டு, அப்புறம்தான் டம்ளரை நீட்டினாள். இந்தச் சைரனுக்கு இவ்வளவு பணிவு ஒரு கேடா என்று அக்காவுக்கு எரிச்சலாக வந்தது. அப்புறம் சிட்டு போனைத் தலையணைக்கு அடியில் சொருகிக்கொண்டு படுத்தாள். பிள்ளை பெற்றவளுக்குத் தூக்கத்துக்குச் சொல்லவா வேண்டும், படுத்ததும் அசந்துவிட்டாள்.

அத்தை கூடத்து ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்தார். அக்கா சமையலறை மேஜையில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டாள். வீடு அமைதியாக இருந்தது. வெயில் தரையில் மெல்ல நகர்ந்தது. நல்ல மதியம் அது.

வாண்டு சிணுங்கினான். அக்கா சிரித்துக்கொண்டாள். வா ராசா, உன் வேலையைக் காட்டு என்று காதைத் தீட்டிக்கொண்டாள். சிணுங்கல் அழுகையாயிற்று. போன் அதிரவில்லை. இதோ இப்போது, இதோ இப்போது என்று காத்திருந்தாள். அழுகை வீறலாயிற்று. அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூடத்தை எட்டிப் பார்த்தாள். அத்தை அசையாமல் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். அட கல்நெஞ்சே! பேரன் தொண்டை கிழியக் கத்துகிறான், ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பில் சிலையாட்டம் உட்கார்ந்திருக்கிறதே என்று அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஓடிப்போய் வாண்டுவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். அத்தை திரும்பி, சிவந்துபோன பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்.

"அழுதானா?" என்றார்.

குத்தலைப் பார்! அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். "அழுதான். போன் எழுப்பலை," என்று மென்று முழுங்கினாள்.

"அப்போ திங்கக்கிழமை மூட்டையைக் கட்டச் சொல்லு," என்றார் அத்தை. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. அக்கா அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை.

உள்ளே சிட்டு கண் விழித்தாள். காலித் தொட்டிலைப் பார்த்தாள். அலறியடித்து எழுந்து, அக்காவின் தோளில் பிள்ளையைக் கண்டபிறகுதான் மூச்சு விட்டாள். தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்தாள். எடுத்ததுதான் தாமதம், போன் அவள் கையில் தடதடத்தது. குழந்தை அழுகிறது. குழந்தை அழுகிறது. குழந்தை அழுகிறது. அடுக்கடுக்காக வந்து விழுந்தன எல்லாம். சிட்டு அக்காவைப் பார்த்து, என் மேலதான் தப்பா, நான் ஏதாவது மாத்தி அமுக்கிட்டேனா என்று கையால் கேட்டாள். அதைவிட அவள் இரண்டு அறை விட்டிருக்கலாம்.

அக்கா போனை வாங்கி லேப்டாப்பில் வயரால் மாட்டினாள். அழுகைச் சத்தம் போட்டாள். அதிர்ந்தது. கழற்றினாள், உடனே போட்டாள். அதிர்ந்தது. டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்ததும் பல்வலி காணாமல் போகிற கதைதான். மறுபடி மாட்டி, கொஞ்ச நேரம் விட்டு, போட்டாள். அதுவும் அதிர்ந்தது. சீ, என்ன எழவு இது!

சரி, படுக்கையிலேயே வைத்துப் பார்ப்போம் என்று வயரோடு போனைத் தலையணைக்கு அடியில் வைக்கப் போனாள். பிளக் பாயிண்ட் எதிர்ச் சுவரில் இருந்தது. வயர் எட்டவில்லை. பாதிக் கட்டிலில் தொங்கியது. அத்தனை கலக்கத்திலும் சிட்டுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் போனுக்கெல்லாம் வால் உண்டு, என் போனுக்கு வால் கிடையாது என்று கையால் சொன்னாள்.

அக்கா வயரைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டாளிக்குப் போன் போட்டாள். "எல்லாப் போனையும் வயர்ல இருந்து கழட்டு. தொடாம அப்படியே வை. கொஞ்சம் பொறுத்து அழுகையைப் போடு."

"என்னது, கழட்டவா? நீதானே கழட்டினா கையை ஒடிப்பேன்னு…"

"கழட்டுடா சாமி!"

டீ ஆறுகிற நேரத்துக்கெல்லாம் திரும்பக் கூப்பிட்டான். குரலே இறங்கியிருந்தது. "ஒண்ணுகூட அசையலை."

புது அப்டேட் சார்ஜை மிச்சம் பிடிக்கிற அப்டேட். வயரில் இல்லாமல், ஆடாமல் அசையாமல் கிடக்கிற போனை அது தூங்க வைத்துவிடுகிறது. வருகிற சேதியை எல்லாம் ஓரமாகச் சேர்த்து வைத்து, போனை யாராவது தொட்ட பிறகுதான் கொட்டுகிறது. அக்காவின் மேஜையில் எந்தப் போனும் வயரை விட்டதில்லை. அதனால் எந்தப் போனும் தூங்கியதும் இல்லை. தானே போட்ட சட்டம் தன் கண்ணையே கட்டிவிட்டது என்று நினைத்தபோது அக்காவுக்கு வெட்கமாக இருந்தது. தயார் என்று வேறு ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று.

முதல் வேலையாக அந்த அறிவிப்பைக் கழற்றினாள். 'நாங்கள் சொன்னது தவறு. புது அப்டேட் வந்தால் இப்போதைக்கு ஏற்றாதீர்கள். தானாக ஏறிவிட்டால், தூங்கும்போது போனைச் சார்ஜில் போட்டு வையுங்கள். மன்னியுங்கள்' என்று போட்டாள். அப்புறம் உட்கார்ந்து வேலையைப் பார்த்தாள். தூங்குகிற போனையும் தட்டி எழுப்ப ஒரு வழி இருந்தது. அவசரச் சேதி என்று முத்திரை குத்தி அனுப்ப வேண்டும். அதற்குப் போன் வைத்திருப்பவரிடம் ஒரு அனுமதி கேட்க வேண்டும். மேஜையில் தேவைப்படவில்லையே என்று அதை விட்டிருந்தாள். சிட்டு பக்கத்தில் உட்கார்ந்து வாண்டுவுக்குப் பால் கொடுத்துக்கொண்டே திரையைப் பார்த்தாள். அவசரப்படுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அதே வெயில், அதே தொட்டில். சிட்டு வால் இல்லாத போனைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தாள். இந்தத் தடவை அக்கா கூடத்தில் அத்தைக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். தோற்கும்போது சைரன் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவு வன்மம்.

அத்தை மில் கதை சொல்ல ஆரம்பித்தார். "அந்த நூல் கட்டுற மிஷின் இருக்கே, பக்கத்துல நின்னா பேச்சே கேக்காது. வாயசைவைப் பார்த்துத்தான் நாங்க பேசிக்குவோம்…"

உள்ளே வாண்டு அழுதான். நன்றாகவே அழுதான்.

அத்தை கதையை நிறுத்தவில்லை. குரல் தடுக்கவில்லை, கண் இமை துடிக்கவில்லை, தலை அந்தப் பக்கம் திரும்பவில்லை. கல்நெஞ்சுக்காரிக்குக்கூட பிள்ளை அழுகிற சத்தம் முகத்தில் எங்காவது ஓரிடத்தில் தட்டும். இந்த முகத்தில் எங்கேயும் தட்டவில்லை. வெற்றியைப் பார்க்க உட்கார்ந்த அக்கா வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

அழுகை நின்றது. சிட்டு ஒரு கையில் அதிர்கிற போனும் தோளில் வாண்டுவுமாகச் சிரித்துக்கொண்டு வெளியே வந்தாள். அத்தை அப்போதுதான் திரும்பினார்.

"அழுதானா?" என்றார்.

அக்கா அவரையே பார்த்தாள். அத்தைக்குப் புரிந்துவிட்டது. முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார். சிட்டு வாண்டுவைப் படுக்க வைக்க உள்ளே போகும்வரை காத்திருந்தார். அப்புறம் பையிலிருந்து தன் போனை எடுத்து அக்காவின் மடியில் வைத்தார்.

"இதுலயும் அதைப் போட்டுக் குடும்மா," என்றார். குரலைத் தாழ்த்துவதாக அவருக்கு நினைப்பு. "மில்லு தின்னுருச்சு. ஒரு காது போயே போச்சு, இன்னொண்ணும் போயிட்டிருக்கு. எனக்கே கேக்கலை, இவ எப்படிச் சமாளிப்பான்னுதான் அடிச்சுக்கிட்டேன். என் வீட்டுல பக்கத்து வீட்டுக்காரங்க இருக்காங்க, அவங்களுக்காவது கேக்கும்னு நினைச்சேன். அவகிட்ட சொல்லிடாதே. செவிட்டுக் கிழவி பேச வந்துட்டான்னு நினைப்பா."

அக்கா நிமிர்ந்தாள். சிட்டு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். அத்தையின் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்து அத்தையின் காலடியில் உட்கார்ந்து, முகத்தைக் காட்டி, கையால் மெதுவாகச் சொன்னாள். அக்கா வாய்விட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று.

"கல்யாணமான வாரத்துலயே தெரியுமாம் அத்தை. அதனாலதான் உங்க வீட்டுக்கு வரலைன்னாளாம்."

"அடிப்பாவி! அப்பவே சொல்றதுக்கென்ன?"

"நீங்க மறைச்சுக்கிட்டுப் பயந்துட்டு இருந்தீங்களாம். அந்தப் பயம் அவளுக்குப் பழக்கமாம். நீங்களே சொல்லட்டும்னு இருந்தாளாம்."

அத்தை சிட்டுவின் தலையில் கையை வைத்து அப்படியே வைத்திருந்தார். அழுதார் என்றுதான் சொல்ல வேண்டும். திங்கட்கிழமையைப் பற்றி அதற்கப்புறம் யாரும் பேசவில்லை.

அக்கா பழக்க தோஷத்தில் அத்தையின் போனை மாட்ட வயரை எடுத்தாள். சிட்டு அவள் கையில் ஒரு தட்டுத் தட்டி வயரைப் பிடுங்கிப் போட்டாள். வயர் இல்லாமலே ஆப்பை ஏற்றி, அனுமதி கொடுத்து, அத்தையின் மடியில் போனை வைத்தார்கள். அத்தை இரண்டு கையாலும் அதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். சிட்டு டீ போடப் போனாள். அக்கா கூட்டாளியிடம் போனில், மேஜையில் பாதிப் போனுக்கு இனி நிரந்தரமாக வயர் கிடையாது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கூட்டாளி பிடித்துக்கொண்டு நக்கல் அடித்தான். அக்கா பதிலுக்குக் கத்தினாள். அந்தச் சத்தத்தில் வேறெதுவும் காதில் விழவில்லை.

அத்தை திடுக்கிட்டு எழுந்தார். பொத்தியிருந்த கைக்குள் போன் துள்ளியது. ஜன்னலைப் பார்க்கவில்லை, யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"அழுறான்!" என்று வீடே அதிரச் சொல்லிக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் உள்ளே ஓடினார்.