பக்கத்து சீட்டின் ஈரம்

மழை பிடித்ததிலிருந்து கேத்தரினின் காருக்குள் ஒரு தித்திப்பான வாசனை. டாஷ்போர்டில் இருந்த சென்ட் டப்பாதான் காரணம் என்று நினைத்து அதைத் தூக்கிப் போட்டாள். வாசனை போகவில்லை. முன் கண்ணாடி உள்பக்கம் எண்ணெய் தடவியது மாதிரி மங்கிப் போனது. துடைத்தாலும் கொஞ்ச நேரத்தில் மறுபடி மங்கியது.

ஜோகுபாளையம் வீட்டிலிருந்து தொம்மலூர் பள்ளிக்குப் போவதும் வருவதும்தான் அந்தப் பழைய காருக்கு வேலை. அவள் அங்கே கணக்கு டீச்சர். ஹிந்தி டீச்சர் மகா பல வருஷம் அவள் பக்கத்து சீட்டில் வந்தாள். போன வருஷம் ரிட்டயராகி, மகனோடு இருக்கப் புனேவுக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் அந்த சீட்டில் ஹேண்ட்பேக் மட்டும்தான்.

ஒரு நாள் காலையில் பாதி வழியில் வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டது. பானெட் ஓரத்தில் ஆவி வந்தது. ஓரம் கட்டி, பள்ளிக்குப் போன் செய்து லீவு சொன்னாள். எதிர்ச் சந்தில் இருந்த ஒர்க்ஷாப்பிலிருந்து ராகேஷ் என்ற மெக்கானிக் வந்தான்.

"சூடு ஆறட்டும் மேடம். இப்போ ரேடியேட்டர் மூடியத் தொறந்தா மூஞ்சிலயே அடிக்கும்."

காத்திருந்த நேரத்தில் அவன் இடப்பக்கக் கதவைத் திறந்து, கீழே விரித்திருந்த ரப்பர் மிதியடியைத் தூக்கினான். அடியில் கார்பெட் ஊறிக் கிடந்தது. விரலால் தொட்டு மோந்து பார்த்தான்.

"மழைத் தண்ணி இல்ல, இன்ஜின் சூட்டைக் குறைக்கிற கூலன்ட். டாஷ்போர்டுக்குப் பின்னாடி ஹீட்டர் கோர்னு ஒண்ணு இருக்கும், குட்டி ரேடியேட்டர் மாதிரி. அது ஓட்டையாயிடுச்சு. ரொம்ப நாளா ஒழுகியிருக்கு. இந்தத் தித்திப்பு வாசனையும் கண்ணாடி மங்கறதும் அதனாலதான். இந்தப் பக்கம் உட்கார்றவங்களுக்குக் கால் நனைஞ்சிருக்குமே, யாரும் சொல்லலயா?"

"யாரும் உட்கார்றதில்ல," என்றாள்.

அவன் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனான். கேட்டது ஒன்றும் பெரிய கேள்வி இல்லை. ஆனாலும் அந்த சீட்டிலிருந்த ஹேண்ட்பேக்கை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். சாலையைப் பார்த்தபடி நின்றுகொண்டாள்.

புது கோர் போடுவதென்றால் டாஷ்போர்டு முழுக்கக் கழற்ற வேண்டும், இந்த மாடலுக்குப் பார்ட் கிடைப்பதும் கஷ்டம் என்றான். "நம்ம ஊருக்கு ஹீட்டர் எதுக்கு மேடம்? கோருக்குப் போற ரெண்டு ஹோஸையும் ஒண்ணா சேத்து விட்டுடறேன். கூலன்ட் கோர் பக்கம் போகாம அப்படியே திரும்பிடும், இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகாது."

"சரி, செஞ்சிடுங்க."

மதியத்துக்குள் வேலை முடிந்தது. கார்பெட்டைக் கழற்றி அலசி, வீட்டு மாடிக் கைப்பிடிச் சுவரில் காயப் போட்டாள். பிறகு மகாவுக்குப் போன் செய்தாள்.

"அடியே கேத்தி," என்று மகா சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தாள். கேத்தரின் கார் நின்ற கதையைச் சொன்னாள். கால் நனைந்திருக்குமே என்று மெக்கானிக் கேட்டதைச் சொல்ல வாயெடுத்தபோது, அந்தப் பக்கம் குழந்தை வீறிட்டது. "பேரன் எழுந்துட்டான்டி, அப்புறம் கூப்பிடறேன்," என்று வைத்துவிட்டாள். ராத்திரி வரைக்கும் கூப்பிடவில்லை.

மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில் காந்தா நிற்பதைப் பார்த்தாள். பள்ளியில் ஆயா வேலை பார்ப்பவள். தினமும் அதே இடத்தில்தான் நிற்பாள். கேத்தரின் தினமும் அவளைக் கடந்துதான் போயிருக்கிறாள். இன்றைக்கு நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள்.

"வா காந்தா, ஸ்கூலுக்குத்தானே. ஏறு."

காந்தா கூச்சத்தோடு சிரித்தாள். "இருக்கட்டும் மிஸ். பஸ்ல எங்க செட்டு ஒண்ணு இருக்கு. நான் இல்லன்னா தேடுவாங்க."

"தினமும் சேர்ந்தே போவீங்களா?"

"ஆமா மிஸ். அந்த அரை மணி நேரம்தான் எங்களுக்கு." கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீங்க வேணா ஒரு நாள் பஸ்ல வாங்களேன். சீட் போட்டு வைக்கிறேன்," என்றாள்.

"பார்க்கலாம்," என்றாள் கேத்தரின்.

பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. காரைக் கொஞ்சம் முன்னே நகர்த்தி வழிவிட்டாள். காந்தா ஏறிக்கொள்ள, பஸ் காரைத் தாண்டிப் போனது. கேத்தரின் அதன் பின்னாலேயே போனாள். கடைசி ஜன்னலில் காந்தா யாரிடமோ கையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள், சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். முந்திப் போக இடம் கிடைத்தும் கேத்தரின் தொம்மலூர் வரை அந்த பஸ்ஸை முந்தவில்லை.