பென்சில் கோட்டுக்குள் இருந்தது

கிரீனா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மூன்றாவது முறையாக அப்பாவுக்கு மாட்டிவிட்டாள். லேண்டர்ட் புத்தகத்தை முகத்தருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், பிறகு போர்வையின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டார்.

“எழுத்தெல்லாம் ஒண்ணோட ஒண்ணா ஓடுதும்மா. நீயே வாசி.”

காலையில் வந்துபோன டாக்டர், சாயங்காலத்தைத் தாண்டாது என்று வாசலில் நின்று சொல்லியிருந்தார். நாற்பத்தெட்டு வயதில் முதல்முறையாக அந்தப் புத்தகம் அவள் கைக்கு வந்திருந்தது.

அந்தத் தீவுக் கிராமத்துச் சபைக்குப் போதகர் கிடையாது. கிடைத்த போதகர்களில் ஒருவர்கூடச் சுத்தமானவராகத் தேறவில்லை என்பதால் யாரையும் அழைக்காமலே காலத்தை ஓட்டிவிட்டார்கள். அதற்குப் பதிலாக, முந்நூறு வருடத்துக்கு முன் செத்துப்போன ஒரு போதகரின் பிரசங்கங்களை ஞாயிறு தோறும் மூப்பர் ஒருவர் எழுந்து வாசிப்பார். முப்பத்தொரு வருடமாக அந்த மூப்பர் லேண்டர்ட்தான். நிறுத்தி நிதானமாக, ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசிப்பார். ஆனால் எந்தப் பிரசங்கமானாலும் முக்கால்வாசி தாண்டியதும் ஓரிடத்தில் நின்று, தொண்டையைக் கனைத்து, பக்கத்தைப் புரட்டிக்கொண்டு தொடருவார். சபையார் அந்த இடைவெளியில் இரண்டாவது பெப்பர்மின்ட்டை வாயில் போட்டுக்கொள்வார்கள். பதினேழு வயதிலேயே கிரீனா கவனித்துவிட்டாள், அப்பா எதையோ தாண்டிப் போகிறார் என்று. என்னப்பா அது என்று எத்தனையோ முறை வாயைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறாள். வாசிக்கத் தேவையில்லாதது என்பார். புத்தகம் மேசை இழுப்பறைக்குள் போய்விடும், சாவி அவருடைய கோட்டுப் பைக்குள்.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் கணவன் யாப்புடன் ஹூஸ் நகரத்துச் சபைக்குப் போக ஆரம்பித்தாள். அதுவும் கால்வின் என்ற பழைய போதகரின் வழி வந்த சபைதான். உலகம் உண்டாவதற்கு முன்பே கடவுள் தமக்கானவர்களைத் தெரிந்துகொண்டுவிட்டார் என்று அங்கேயும் நம்பினார்கள். இம்மியளவும் குறைத்துச் சொல்வதில்லை. ஆனால் அங்கே போதகர் ஒவ்வொரு ஞாயிறும் பீடத்திலிருந்து முன்னால் குனிந்து, வாருங்கள், எல்லாரும் வாருங்கள் என்று கூப்பிடுவார். அப்பாவின் சபையில் யாரும் யாரையும் கூப்பிட்டதில்லை. இதை வைத்து மாமனும் மருமகனும் ஒவ்வொரு சனிக்கிழமையும் காப்பி ஆறிப்போகிற வரை மல்லுக்கு நிற்பார்கள்.

“அவர் யாரத் தெரிஞ்செடுத்தார்னு நமக்குத் தெரியாது மாமா. தெரியாததாலதான எல்லாரையும் கூப்பிடணும்?”

“தெரியாததாலதான் மாப்ளே நான் கூப்பிடாம இருக்கேன்.”

“நீங்க கால்வினையே தாண்டிப் போயிட்டீங்க. அவரே கூப்பிட்டிருக்கார்.”

“அவருக்கு என்ன, வயசு கம்மி,” என்பார் லேண்டர்ட். சிரிக்கமாட்டார். அது நகைச்சுவையா என்று அன்றைக்கெல்லாம் யாப் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருப்பான்.

கிரீனாவுக்கு அதில் சிரிக்க எதுவுமில்லை. முப்பத்தொரு வருடம் வாசித்த மனிதர் ஒருநாளும் அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்து மேசையில் உட்கார்ந்ததில்லை. அது தனக்கானதுதான் என்று உள்ளே கடவுளிடமிருந்து ஒரு வார்த்தை வர வேண்டும், வரவில்லை என்று கடைசி பெஞ்சிலேயே இருந்துவிட்டார். இருநூறு பேர் உள்ள அந்தச் சபையில் மேசைக்குப் போகிறவர்கள் ஏழு பேர்தான். இன்று விடிந்ததும் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “இன்னும் ஒண்ணும் வரலம்மா,” என்றார். அவருக்குப் பயமாக இருந்தது. கடவுளைக் கூப்பிடுங்கப்பா, மேசைக்குப் போங்கப்பா, யாரும் உங்களைத் தடுக்கவில்லை என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால், யார் சொல்லிக்கொடுத்தது, உன் வீட்டுக்காரனா என்று கேட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். அப்பா யாரும் கூப்பிடாமலே போய்விடுவார் என்ற நினைப்பு அவளைக் காலையிலிருந்து அரித்துக்கொண்டிருந்தது.

அவர் சொன்ன பிரசங்கத்தை எடுத்து வாசித்தாள். மனிதனுடைய அழிவைப் பற்றி ஆறு பக்கம், கடவுளின் தீர்மானத்தைப் பற்றி நான்கு பக்கம். அப்பா கண்ணை மூடி, உதடுகளை அசைத்துக்கொண்டு கேட்டார். பதினோராவது பக்கத்தில் அவள் குரல் நின்றது.

ஒரு பத்தியின் இருபுறமும் அடைப்புக்குறி. பென்சிலால், தாள் கிழியாத குறையாக அழுத்திப் போட்டது. அவள் அவசர அவசரமாக மனதுக்குள் வாசித்தாள். தப்பான உபதேசமோ, யாரையாவது திட்டியதோ, அந்தக் காலத்துச் சண்டை ஏதாவதோ இருக்கும் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். அங்கே இருந்தது அழைப்பு. ஹூஸ் சபையில் வாராவாரம் கேட்பதேதான். அப்பா யாரைத் தலையில் வைத்துக் கொண்டாடினாரோ அந்த முந்நூறு வருடத்துப் போதகரே எழுதியிருந்தார். அவளுக்கு ஒரு நொடி சிரிப்பு வந்தது. உடனே கோபமும் வந்தது.

“ஏன் நின்னுட்ட?”

“பென்சில் கோடு போட்டிருக்கேப்பா.”

“அதத் தாண்டிப் போ. அடுத்த பக்கத்துல ‘ஆகையால்’னு தொடங்கும்.”

“வாசிக்கட்டுமாப்பா?”

“சபையில வாசிக்கிறதில்ல.”

“இங்க சபை இல்லையே. நீங்களும் நானும்தான்.”

அவர் பதில் சொல்லவில்லை. அந்த வீட்டில் மௌனத்துக்குச் சம்மதம் என்று அர்த்தமில்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே வாசித்தாள்.

“வாசலண்டை நிற்கிறவனே, உன் பெயர் உள்ளே எழுதியிருக்கிறதோ என்று வெளியே நின்று விசாரியாதே. அந்த ஏட்டைத் திறக்க உனக்கு உத்தரவில்லை. வாசலுக்குள் நுழைய உத்தரவுண்டு. தகுதி வரட்டுமென்று காத்திராதே. அழுக்காயிருந்தால் அழுக்கோடே வா…”

அதற்கு மேல் முடியவில்லை. அவள் கண்ணில் எழுத்துகள் கலங்கின. ஜன்னலுக்கு வெளியே யாரோ டிராக்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள்.

“பயமாயிருந்தால் பயத்தோடே வா,” என்றார் அப்பா.

அவள் நிமிர்ந்தாள். அவருடைய கண் மூடியே இருந்தது.

“விசுவாசம் இல்லையென்றால் அதை வாங்கிக்கொள்ளவே வா. வந்த ஒருவனையும் அவர் புறம்பே தள்ளினதாக நான் கேள்விப்பட்டதில்லை. நீ முதல் ஆளாக இருக்கமாட்டாய்.”

ஒரு சொல் பிசகவில்லை. அவள் விரலை வைத்து வரிவரியாகச் சரிபார்த்தாள். சபைக்கு ஒருநாளும் வாசிக்காத பத்தியை, சபைக்கு வாசிக்கிற அதே குரலில், ஏற்ற இறக்கமில்லாமல் சொல்லி முடித்தார்.

“மனப்பாடமா இருக்கேப்பா.”

“தாண்டுறதுக்கு முன்னால எத தாண்டுறோம்னு பாக்கணும்ல.” மூச்சு வாங்கினார். “எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் தாண்டினேன்.”

“ஏன் தாண்டினீங்க?”

“கடவுள் கூப்பிடாத ஆள நான் கூப்பிட்டுட்டா? வந்து வாசல்ல நின்னு ஏமாந்து போவானே. அந்தப் பாவம் எனக்கெதுக்குன்னு இருந்துட்டேன்.”

யாப் இங்கே இருந்தால் நூறு பதில் வைத்திருப்பான். முப்பத்தொரு வருடமும் அவர் பிறருக்காகப் பயந்திருக்கிறார் என்பது அவளுக்குத் தோன்றியதே இல்லை. அவருடைய கையைத் தடவிக்கொடுத்தாள்.

“இன்னொரு தடவ வாசி,” என்றார்.

வாசித்தாள். அவர் உதடுகள் கூடவே அசைந்தன. மறுபடியும் தொடக்கத்திலிருந்து வாசித்தாள். முடித்து நிமிர்ந்தபோது உதடுகள் அசையவில்லை. எந்த வார்த்தையில் போனார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

யாப் வந்து சாவுக்கு அடையாளமாகத் திரைச்சீலைகளை இழுத்து மூடினான். அதைப் பார்த்து எதிர்வீட்டிலும் மூடினார்கள். கொஞ்ச நேரத்தில் தெருவே மூடிக்கொண்டது. நான்கு மணிக்கு மூர்லாண்ட் வந்தார். பீட்ரூட் சாகுபடிக்காரர், சபையின் அடுத்த மூப்பர், கூட்டத்தைக் கண்டாலே வியர்க்கிற மனிதர். தொப்பியைக் கழற்றிக் கையில் உருட்டிக்கொண்டு, அங்கே எல்லாச் சாவு வீட்டிலும் கேட்கப்படுகிற கேள்வியைக் கேட்டார்.

“அப்பா ஏதாவது சொல்லிட்டுப் போனாரா கிரீனாம்மா? நம்ம நம்பிப் பிடிச்சுக்கிற மாதிரி?”

“இன்னொரு தடவ வாசின்னு சொன்னார்ணே.”

மூர்லாண்ட் காத்திருந்தார். அதற்குமேல் எதுவும் வராது என்று தெரிந்ததும் மெல்லத் தலையாட்டினார். அவர்கள் கணக்கில் அது, கடவுள் அவரைத் தெரிந்துகொண்டார் என்பதற்கு ஒரு சாட்சியாகாது. காப்பியைக் குடித்துவிட்டு, எழுந்திருக்கிற நேரத்தில் புத்தகத்தைப் பற்றி மென்று முழுங்கிக்கொண்டே கேட்டார். வருகிற ஞாயிறிலிருந்து அவர்தான் வாசிக்க வேண்டும்.

“அப்பா போட்ட கோடெல்லாம் அதுல இருக்கும்ல? அது இருந்தா எனக்குப் பயமில்ல. எங்க தாண்டணும்னு எனக்கா தெரியாது. கண்ணுல பட்டத வாசிச்சிட்டே போயிருவேன்.”

“சனிக்கிழம கொண்டுவந்து தரேன்ணே,” என்றாள் கிரீனா.

அவர் போனதும் சமையலறை மேசையில் உட்கார்ந்து, அப்பாவின் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துவந்த ரப்பரால் பதினோராவது பக்கத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். யாப் கதவருகே நின்று பார்த்தான். இருபது வருடம் இந்த அழைப்புக்காக மாமாவோடு வாதாடியவன் அவன்தான். இப்போது தயங்கினான்.

“அது உங்கப்பா போட்டதாச்சே.”

“ஆமா,” என்றாள்.

அவள் ஒரு குறியை அழித்து முடித்து இரண்டாவதற்கு வந்தாள். கரி போய்விட்டது. ஆனால் அப்பா அழுத்திய பள்ளம் தாளில் அப்படியே இருந்தது. திரைச்சீலை இடுக்கில் வந்த வெயிலுக்குப் பக்கத்தைச் சாய்த்துப் பிடித்தாள்; தெரிந்தது. நேராகப் பிடித்தாள், தெரியவில்லை. மூர்லாண்ட் நேராகத்தான் பிடிப்பார். ரப்பர் தூளை ஊதிவிட்டு அடுத்த பிரசங்கத்தைத் திருப்பினாள்.