பதினொன்று பத்துக் காற்று

2023 பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை காலை பதினொன்று பத்துக்கு, சோழவரத்தில் பாக்கியராஜ் வீட்டுக்குள் மட்டும் நொடிக்கு முப்பது மீட்டர் வேகத்தில் இருபது நிமிடம் காற்று அடித்தது. பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த லுங்கி அசையவில்லை. பாக்கியராஜின் காலண்டர், கல்யாண ஆல்பம், இரண்டு ஜன்னல் கதவு, அரை மூட்டை அரிசி எல்லாம் ஏரிக்கரையில் கிடைத்தன. செவ்வாய்க்கிழமை திருவாலங்காட்டில் தமிழ்செல்வி வீட்டில் அதே நேரம், அதே வேகம், அதே இருபது நிமிடம். புதன்கிழமை பொன்னேரியில். ஞாயிறும் விடுமுறை நாட்களும் தவிர நாளுக்கொரு வீடு. பார்வையிட வந்த அதிகாரி ஒருவர், பேரிடர் என்றால் ஒரு தெருவாவது பாதிக்கப்பட்டிருக்க வேண்டும், ஒரே வீட்டுக்கு வருவதற்குப் படிவம் கிடையாது என்று சொல்லி, கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார்.

காற்று வந்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரே தனியார் கல்லூரியில் விமானப் பொறியியல் படித்தவர்கள். அந்தக் கல்லூரியின் தரைத்தள ஆய்வகத்தில் ஒரு விண்ட் டனல் இருந்தது. ஒரு முனையில் ஆளுயர விசிறி, நடுவில் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் கை நீளத்துக்கு ஒரு மர இறக்கை. காற்றை ஓடவிட்டு, இறக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, எந்தக் கோணம் வரை அது தூக்கும், எங்கே கைவிடும் என்று அளக்க வேண்டும். கல்லூரிக்கு அனுமதி கொடுக்க வந்தவர்கள் முன்னால் அது ஒரு முறை ஓடியது. அப்புறம் பெல்ட்டை எலி தின்றது, மோட்டாரின் கம்பிச்சுருள் புகைந்தது. யாரும் சரி செய்யவில்லை. ஆய்வக உதவியாளர் ஆதிநாராயணன் முதல் செட்டு மாணவர் ஒருவரின் ரெக்கார்டு நோட்டைப் பழுப்பு அட்டை போட்டு வைத்திருந்தார். பன்னிரண்டு செட்டும் அதைப் பார்த்தே எழுதின. தேர்வுக்கு வெளியிலிருந்து வரும் பேராசிரியர்களும் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, ரீடிங் அருமை என்று கையெழுத்துப் போட்டார்கள். இப்படி எழுதப்பட்டும் அடிக்கப்படாமல் கிடந்த காற்றுதான் இப்போது ரோல் நம்பர் வரிசைப்படி வெளியே வந்துகொண்டிருந்தது. பதினொன்று பத்து என்பது பழைய டைம்டேபிளில் லேப் தொடங்கும் நேரம். கல்லூரி நிர்வாகம் இதற்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்று அறிவித்து, அந்தச் சோதனையைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது.

கூரை பறந்தாலும் மக்கள் பழகிவிட்டார்கள். முன்னாள் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் தேதிப் பட்டியல் போட்டார்கள். உரிய நாளில் பாத்திரங்களை உள்ளே வைத்து, ஜன்னலைக் கட்டி, குழந்தைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, இருபது நிமிடம் வெளியே நின்றால் முடிந்தது. 2024 செப்டம்பர் கடைசியில் முறை பன்னிரண்டாவது செட்டுக்கு வந்தது. அதில் ஆறாம் நம்பர் பூமிகா. திருவள்ளூரில் அவள் வீட்டார் திரைச்சீலைகூடக் கழற்றி வைத்துக் காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. அதே பதினொன்று பத்துக்கு, முப்பத்தைந்து கிலோமீட்டருக்கும் அப்பால், கும்மிடிப்பூண்டியில் யேசுதாஸ் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் நான்கு எழுந்து முள்ளுக்காட்டில் போய் விழுந்தன.

யேசுதாஸ் இரும்பு உருட்டும் ஆலையில் ஃபிட்டர். இருபத்தாறு வருடம் பழுக்கக் காய்ந்த கம்பிகளுக்குப் பக்கத்தில் நின்றவர். விமானப் பாகம் செய்யும் கம்பெனிகள் இந்தப் பக்கம் வரப்போகின்றன, அங்கே இரும்பு குளிர்ந்தே இருக்கும், ஆட்கள் ஏசியில் நிற்பார்கள் என்று ஆலை வாசலில் யாரோ சொன்னதைக் கேட்டு, மகள் சோனியாவை அந்தப் படிப்பில் சேர்த்தார். சோனியாவின் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். ஐந்தாவது செமஸ்டரில் வகுப்புத் தோழிகள் கெஞ்சியதால், தன்னுடையதோடு பத்தொன்பது பேரின் ரெக்கார்டையும் அவளே எழுதினாள். எல்லாக் கல்லூரியிலும் நடப்பதுதான். கையெழுத்து யாருடையதோ அவர் படுத்துத் தூங்கும் வீட்டுக்கே காற்று போகும் என்பது, பூமிகா போன் செய்து "எங்க ஊட்டுக்கு வரவே இல்லடி" என்று சந்தோஷமாகச் சொன்னபோதுதான் அவளுக்கு உறைத்தது.

அப்பாவிடம் சொன்னாள். யேசுதாஸ் ஓட்டைக் கூரை வழியாக வானத்தைப் பார்த்தார்.

"பத்தொம்பது பேருக்கா எழுதின? கை வலிக்கலயா?" என்றார்.

அந்த வாரத்தில் இன்னும் இரண்டு காற்று வந்தது. கிழக்குச் சுவர் விரிந்தது. பதினான்கு வருடம் தீபாவளி போனஸைப் போட்டுப் போட்டு எழுப்பிய சுவர் அது. சோனியா அத்தை வீட்டில் போய்ப் படுத்துப் பார்த்தாள். அவற்றில் இரண்டாவது அங்கே வந்து அத்தையின் தையல் மெஷினைக் கவிழ்த்தது. விமானப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை உறுதியாகியிருந்தது, நவம்பரில் சேர வேண்டும். இன்னும் பதினேழு காற்றைச் சுமந்துகொண்டு எந்த ஹாஸ்டலுக்குப் போவது? அம்மா விக்டோரியா ஜெபம் செய்தாள், மேரி மாதா படத்தை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

ஆலைக்கு விடுமுறை கிடைப்பது ஆயுதபூஜை அன்றுதான். மீதிக் காற்றை டனலிலேயே ஓட்டித் தீர்த்துவிட, யேசுதாஸ் ஒரு பெல்ட்டையும், தானே செம்புக் கம்பியால் சுற்றிய மோட்டார் காயிலையும் டிவிஎஸ் எக்ஸெல்லில் வைத்துக் கட்டி, மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கல்லூரிக்குப் போனார். விண்ட் டனலுக்கு ஆதிநாராயணன் சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டிருந்தார். வருடத்தில் அன்றைக்கு மட்டும்தான் அதன் மேல் துடைக்கும் துணி படும்.

"பூஜ போட்ட மெஷின இன்னிக்கி ஓட்டக் கூடாதுண்ணே. நாளைக்கி வாங்க" என்றார் அவர்.

"பன்னெண்டு வருசமா பூஜ மட்டும்தான சார் போட்டுக்கினு இருக்கீங்க?" என்றார் யேசுதாஸ்.

ஆதிநாராயணன் மாலையைக் கழற்றினார். பத்து மணிக்கு மோட்டார் உறுமியது. பதினேழு முறை, முறைக்கு இருபது நிமிடம். பீரோவிலிருந்து எடுத்த ஒவ்வொரு நோட்டிலும் பழைய எண்களை அடித்துவிட்டு, கண்ணால் பார்த்ததைச் சோனியா எழுதினாள். பழுப்பு அட்டை நோட்டில் இறக்கை பதினைந்து பாகையில் கைவிட்டது. நிஜத்தில் பன்னிரண்டிலேயே ஒரு நடுக்கம் வந்தது, காற்றின் போக்கைக் காட்ட அதன் மேல் ஒட்டியிருந்த நூல்கள் திசை தெரியாமல் சுழன்றன, இறக்கை சட்டென்று தொங்கியது. சோனியாவுக்கு அழுகை வந்தது. நான்கு வருடத்தில் அவள் நிஜமாகப் படித்தது அந்த ஒரே நாள்தான், அதனால் சந்தோஷமாகவும் இருந்தது. சாயங்காலம் மோட்டாரை நிறுத்தியபோது ஆதிநாராயணன் மாலையை மறுபடி போடவில்லை. அதற்குப் பிறகு யேசுதாஸ் வீட்டுக்குக் காற்று வரவில்லை. புது ஷீட் போட்டார்கள், சுவரைப் பூசினார்கள்.

நவம்பரில் சோனியா வேலையில் சேர்ந்தாள், ஹாஸ்டல் வேண்டாமென்று வீட்டிலிருந்தே போய் வந்தாள். இரும்பு நிஜமாகவே குளிர்ந்திருந்தது. நீலக் கோட்டு, தலைக்கு வலை, ஆறு மாதப் பயிற்சி. மூன்றாவது வாரம் சூப்பர்வைசர் தணிகைவேல் அவள் மேஜையில் இருநூற்று நாற்பது படிவங்களை வைத்தார். உள்ளங்கை அளவுள்ள பிராக்கெட்டுகள், விமானத்துக்குள் எதையோ எதனோடோ பிடித்து நிறுத்துபவை. ஒவ்வொன்றையும் அதிர வைத்துப் பார்க்க வேண்டும். அதிர வைக்கும் மெஷின் பழுதாகி ஒரு மாதம் ஆகியிருந்தது.

"போன லாட்டு ரீடிங்க பாத்து கொஞ்சம் முன்ன பின்ன போட்டுரும்மா. உன் கையெழுத்து நல்லாக்கீது. நாளைக்கி வண்டி கெளம்புது" என்றார்.

"மெஷின் ரெடியாவட்டும் சார்."

"ஆவும்போது ஆவட்டும். எல்லாரும் எழுதனதுதான். இன்னாத்துக்கு பேஜாரு பண்ற?"

சோனியா சாப்பாட்டு நேரம் முழுக்க யோசித்தாள். மறுத்தால் பயிற்சி அன்றோடு முடியும். எழுதினால் காற்று கையெழுத்தைத் தேடிக்கொண்டு தன் வீட்டுக்குத்தானே வரும், வரட்டும், வேறு யாருக்கும் ஒன்றும் ஆகாது, மெஷின் சரியானதும் ஒரு விடுமுறையில் எல்லாவற்றையும் நிஜமாக ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டாள். அம்மாவுக்குப் போன் செய்து, சாமானை உள்ளே எடுத்து வைக்கச் சொன்னாள். இருநூற்று நாற்பதையும் எழுதினாள். ஒரு எழுத்துகூடக் கோணவில்லை.

மறுநாள் பதினொன்று பத்துக்கு விக்டோரியா வெளியே நின்றாள். வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. முதல் வாரம் நிம்மதியாக இருந்தது. நாற்பதாவது நாள்தான் சோனியாவுக்குப் புரிந்தது. ரெக்கார்டு நோட்டுகள் கல்லூரி பீரோவை விட்டு எங்கும் போகவில்லை, அதனால் காற்று வீட்டுக்கு வந்தது. பிராக்கெட்டுகள் வண்டியேறிப் போய்விட்டன, அவற்றுக்கு வர வேண்டிய அதிர்வும் அவற்றோடே போயிருக்கும். அவை யாரிடம் போயின என்று தணிகைவேலிடம் கேட்டாள். நம்மை விடப் பெரிய கம்பெனிக்கு, அங்கிருந்து அதை விடப் பெரிய கம்பெனிக்கு, அதற்கப்புறம் அவருக்கே தெரியாது. திருப்பி வரவழைக்கச் சொல்லி மேலிடத்துக்குக் கடிதம் எழுதினாள். கடிதம் கிடைத்ததாகப் பதில் வந்தது. "அதெல்லாம் இந்நேரம் பறந்துக்கினு இருக்கும்மா" என்று தணிகைவேல் அன்பாகவே சொன்னார். அவளை வேலையில் நிரந்தரமாக்கினார்கள்.

இதையெல்லாம் அவள் வீட்டில் சொன்ன இரவுக்கு மறுநாள், யேசுதாஸ் ஏணி வைத்து ஏறி, புது ஷீட்டுகளின் போல்ட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். காற்று வந்தால் சிரமமில்லாமல் எடுத்துப் போகட்டும் என்றார். விக்டோரியா பாத்திரங்களை முற்றத்தில் பரப்பினாள், டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்தாள், "ஆண்டவரே, எங்க ஊட்டுக்கே வரட்டும்" என்று முட்டி போட்டாள். இன்று வரை தினமும் அப்படித்தான். தெருவில் யாருக்கும் இது வித்தியாசமாகத் தெரியவில்லை. பதினொன்றே கால் வாக்கில் எதிர்வீட்டுக் குப்பம்மாள், தண்ணி லாரி வந்ததா என்று கேட்பதுபோல, "இன்னா விக்டோரியா, வந்துச்சா?" என்று கேட்பாள்.

"இல்லக்கா, இன்னும் வரல" என்பாள் விக்டோரியா.

அந்த நேரத்தில் மேலே ஒரு விமானம் போனால், இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு, சத்தம் முழுதாக அடங்கும் வரை நிற்பார்கள்.