கதவில் சிவப்புத் துணி

கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள், கண்ணுகளா. கையில் இருக்கிற வேலையைச் செய்துகொண்டே கேட்கலாம். ஒரு தையல்காரரும் அவர் மகளும் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த கதையைச் சொல்கிறேன். பெரிய சண்டை ஒன்றுமில்லை. ஒரே ஒரு கேள்விதான்.

அந்த வீட்டின் முன்னறையில் தையல் எந்திரம். அதை ஒட்டிய சின்ன அறை மகளுடையது. அவள் பாடுகிறவள். ஆனால் நாம் பாட்டென்று நினைப்பதைப் பாடுகிறவள் அல்ல. ஒரே ஒரு 'ஆ'வை எடுத்துக்கொண்டு ஈரத்துணியைப் பிழிவதுபோலப் பிழிவாள். கதவு முனகுவதையும் குழாய் சொட்டுவதையும் தன் மூச்சையும் கைபேசியில் பிடித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவாள். அறையில் எதிரொலி வரக்கூடாதென்று, அப்பா வெட்டிப்போட்ட துண்டுத் துணிகளைச் சுவர் முழுக்க ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தாள்.

பதிவு தொடங்கும்போது கதவுக் கைப்பிடியில் சிவப்பு லைனிங் துணி ஒன்றைக் கட்டிவிடுவாள். அதுதான் அந்த வீட்டுச் சட்டம். துணி தொங்கினால் அம்மா மின்விசிறியை நிறுத்துவாள், அடுப்பிலிருந்து குக்கரை இறக்கிவைப்பாள். தையல்காரர் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, பாதித் தையலில் ஊசி நிற்க, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அளவு கொடுக்க வந்தவர்களும் தப்ப முடியாது. ஒருவர் இரண்டு கைகளையும் விரித்தபடியே கால் மணி நேரம் நின்றிருக்கிறார், பாவம்.

ஒருநாள் மகள் தன் ஹெட்போனை அப்பாவின் காதில் மாட்டினாள். பதினோரு நிமிடம் ஓடியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, தலையை அசைத்துக்கொண்டு, கடைசிவரை கேட்டார். பிறகு மனசாரத்தான் கேட்டார்:

"நல்லாத்தான் இருக்கு பாப்பா. பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?"

அவள் ஹெட்போனைக் கழற்றி, வயரைச் சுற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதன்பிறகு கதவில் துணி தொங்கவில்லை. பதிவையெல்லாம் தோழி வீட்டில் வைத்துக்கொண்டாள். அப்பாவிடம் சொல்ல வேண்டியதெல்லாம் அம்மா வழியாக வந்தது. ஆனாலும் வழக்கமாகப் பதிவு தொடங்கும் நான்கு மணிக்குத் தையல்காரரின் கால் தானாக நின்றுவிடும். கதவைப் பார்ப்பார். வெறும் கைப்பிடி. மறுபடி மிதிப்பார். அந்தத் துணி திரும்ப அங்கே தொங்கினால் போதுமென்று இருந்தது அவருக்கு. அதை யாரிடம் போய்க் கேட்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒரு பழைய கிடங்கில் அவள் பாடுவதாக இருந்தது.

"உங்களையும் வரச் சொன்னா," என்றாள் அம்மா.

"அவளா சொன்னா?"

"இல்ல, நான்தான் சொல்றேன். சட்டையை மாத்துங்க."

கிடங்கில் நாற்பது நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மகளின் காலடியில் ஒரு சின்னப் பெட்டி. மைக்கில் விழுகிற சத்தத்தை, மிதித்தால் பிடித்துவைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஒலிக்கவிடும். தையல்காரர் முதலில் அந்தப் பாதத்தைத்தான் பார்த்தார். குதிகாலை ஊன்றி விரல்நுனியால் மிதிக்கிறாள், தன்னைப் போலவே. அப்புறம்தான் மைக்கைப் பார்த்தார். அதன் கழுத்தில் சிவப்பு லைனிங் துணி.

அவ்வளவுதான். அவர் கைகள் மடிக்கு வந்துவிட்டன. வந்த இருமலை விழுங்கினார். பக்கத்தில் கிசுகிசுத்தவரை முறைத்தார்.

தான் எதையும் எழுதிக்கொண்டு வரவில்லை, இங்கே கிடைப்பதை வைத்துத்தான் பாட்டு என்றாள் மகள். ஆளுக்கொரு சத்தம் கொடுங்கள் என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு, பெட்டியைக் காலால் தள்ளித் தள்ளி வரிசைக்குள் வந்தாள். ஒருத்தி சாவிக்கொத்தை ஆட்டினாள். ஒருவர் பொய்யாகக் குறட்டை விட்டார். அம்மாவிடம் நீட்டியபோது, "நான் என்னத்தச் சொல்றது? வீட்டைப் பூட்டினேனான்னே தெரியல," என்றாள் அம்மா. அது பெட்டிக்குள் போய், பூட்டினேனான்னே தெரியல, பூட்டினேனான்னே தெரியல என்று குறட்டையோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்தது. கிடங்கே சிரித்தது.

அடுத்தது அவர். மைக் வாய்க்கு நேரே நின்றது. அவர் உதடுகளை இறுக மூடிக்கொண்டார். கூட்டம் காத்திருந்தது. அவள் முகம் மெல்லச் சுண்டியது. நாலு பேர் நடுவிலும் இவர் இறங்கிவர மாட்டார் என்றுதான் நினைத்தாள். அவரோ கண்ணால் துணியைக் காட்டினார். பிறகு இன்னொரு முறை காட்டினார்.

ராசிக்காகக் கட்டிவந்த துணி அது. அவள் அதைப் பார்த்தாள், மடியில் கிடந்த அவர் கைகளைப் பார்த்தாள். முடிச்சை அவிழ்த்துத் துணியை அந்தக் கைகளில் வைத்தாள்.

"இப்பப் பேசலாம்ப்பா."

ஒரு மாதத்தில் அவரிடம் நேராகச் சொன்ன முதல் பேச்சு. ஆனால் அவர் என்ன பேசுவார்? வருத்தம் சொல்லிப் பழகிய வாயல்ல அது. பழகியதெல்லாம் கைதான். கை துணியைத் தடவியது. ஓரம் பிரிந்து நூல் தொங்குவதைக் கண்டுபிடித்தது. அவர் பல்லால் ஓரத்தில் ஒரு வெட்டு வைத்து, இரண்டு பக்கமும் பிடித்து, இழை பிசகாமல் நேர்கோடாகக் கிழித்தார். சர்ர்ரென்று ஒரே சத்தம்.

அவள் பாதம் மிதித்தது. கிழிகிற சத்தம் முடிந்த இடத்திலிருந்து மறுபடி கிழிய ஆரம்பித்தது. அவள் கண்ணை மூடி, அதன்மேல் தன் ஒற்றை 'ஆ'வை மெதுவாக இறக்கிவைத்தாள்.

அம்மா அவர் பக்கம் சாய்ந்து, "நிஜமாவே பூட்டினேனாங்க?" என்றாள். அவர் உதட்டில் விரல் வைத்தார். அந்தக் கையிலும் மற்றக் கையிலுமாக, துணியின் இரண்டு பாதிகளும் தொங்கிக்கொண்டிருந்தன.

உங்கள் வீடுகளில் எந்திரங்கள் நிற்காமல் ஓடட்டும், கண்ணுகளா. உங்களுக்காக அவற்றைச் சற்றே நிறுத்திவைத்துக் காத்திருக்கவும் ஒருவர் இருக்கட்டும்.