கவுன் போட்ட பாதி

சனிக்கிழமை வந்தால் ஓகே-இரோகோ ஊரில் யாரையாவது புதைப்பார்கள், இல்லையென்றால் யாருக்காவது கல்யாணம் செய்துவைப்பார்கள். அயின்லாவுக்கு இரண்டும் ஒன்றுதான். அதே வாடகைப் பந்தல், அதே ஜோலோஃப் சோறு, ஒரே துணியில் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு வரும் அதே எண்பது பேர். கல்யாணத்தில் காமிராவைப் பார்த்துச் சிரிப்பார்கள். சாவில் காமிராவைப் பார்த்து அழுவார்கள். காமிரா வேறு பக்கம் திரும்பியதும் இரண்டையும் நிறுத்திவிட்டுக் கறித்துண்டைத் தேடுவார்கள்.

அவனை யாரும் அழைப்பதில்லை. அவனாகப் போவான். ஐந்து இரவு தண்ணீர் இறைக்கும் நிலையத்தில் இயந்திரங்களுக்குக் காவல், ஆறாம் நாள் கழுத்தில் காமிராவோடு ஊருக்குக் காவல். காசு வாங்குவதில்லை. அதனாலேயே அவனைப் பைத்தியம் என்றார்கள். படத்தைக் கழுவிய பிறகு பின்னால் தேதி எழுதுவான். தேதிக்குக் கீழே உண்மையையும் எழுதுவான். 'மணமகள். நகை இரவல்.' 'இறந்தவரின் மூத்த மகன். அப்பாவோடு பேசி ஒன்பது வருஷம்.' இப்படி முப்பத்தொரு பால் பவுடர் டின்கள் அவன் அறையில் இருந்தன.

பதினைந்து டின்கள் அவனுடையவை அல்ல. ஸ்டுடியோக்காரர் அலாபி செத்த மறுவாரம் அவர் மனைவி நெகட்டிவ்களைக் குப்பையோடு கொளுத்தப் போனபோது அயின்லா வாங்கிக்கொண்டு வந்தது. ஊரின் நாற்பது வருஷத்து மூஞ்சிகள் அதில் கிடந்தன. அதைத் தேடி ஒருவரும் வந்ததில்லை. வீட்டில் ஒருவர் செத்தால் மட்டும் ஓடிவருவார்கள். "அண்ணே, எங்கப்பா படம் ஒண்ணு இருக்குமா? கொஞ்சம் இளமையா." உயிரோடு இருந்தபோது அந்த அப்பனின் முகத்தை யாரும் பார்த்ததில்லை. அயின்லா கொடுப்பான். கொடுக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டான்.

கெஹிந்தேயின் அம்மா அடக்கத்துக்கும் அழைப்பில்லாமல்தான் போயிருந்தான். கெஹிந்தே கூரைத் தகரம் விற்பவன். நடக்கும்போது முன்னால் அவன் வயிறு வரும், பிறகு அவன் தொப்பி வரும், அவன் கடைசியில் வருவான். சந்தைத் தலைவர் பதவிக்கு அவன் பேர் அடிபட்டுக்கொண்டிருந்தது. அதனால் அம்மாவின் அடக்கத்துக்கு வழவழ தாளில் புத்தகம் அச்சடித்தான். மூன்றாம் பக்கத்தில் ஒரு பழைய படம். ஆறு வயதுப் பையனும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். கீழே எழுதியிருந்தது: 'இரட்டையர் தாய்வோ, கெஹிந்தே. தாய்வோ பயணம் போயிருக்கிறாள்.'

அயின்லா அதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தான். சாவு வீட்டில் சிரித்ததற்கு ஒரு கிழவர் அவனை முறைத்தார்.

இரட்டையில் ஒன்று செத்தால் இங்கே யாரும் செத்தது என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் போனது இருப்பதையும் கூப்பிட்டுக்கொள்ளும். பயணம் போயிருக்கிறது என்பார்கள். இரண்டையும் சேர்த்துப் படம் வேண்டும் என்று தாய் கேட்டால், இருக்கிற ஒன்றையே இரண்டு முறை நிறுத்தி எடுத்து, ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டுக் கொடுப்பார் அலாபி. போனது பெண், இருப்பது பையன் என்றால் அதற்கும் வழி இருந்தது. ஒரு கவுன் போதும்.

புத்தகத்தை எழுதிக் கொடுத்தது நகரத்தில் படித்த எவனோ. பயணம் என்றால் பயணம் என்று எழுதிவிட்டான். கெஹிந்தே அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்தும் போட்டிருந்தான். திருத்த வேண்டுமென்றால் சொல்லக் கூடாததைச் சொல்ல வேண்டும்.

நாலாவது வாரம், எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கொட்டோனூவிலிருந்து ஒரு பெண் வந்தாள். கையில் அந்த மூன்றாம் பக்கம். எண்ணெய்க் கறையோடு. வறுத்த சோளம் மடித்து வந்த தாள் என்று அவளே சொன்னாள், அதுவும் கடவுள் செயலாம். "நான்தான் தாய்வோ. பயணம் முடிஞ்சு வந்துட்டேன்." பிழைக்கப் போயிருந்த நம் ஆட்களைக் கானாவிலிருந்து விரட்டிய வருஷம், அம்மா பையனோடு இங்கே வந்தாள், அப்பா தன்னைத் தூக்கிக்கொண்டு கொட்டோனூ போய்விட்டார் என்றாள். அம்மா ஊருக்கு வந்தபோது பையன் ஒருவன்தான் கூட இருந்தான் என்பது உண்மை. கானாவில் நடந்ததைப் பார்த்தவர்கள் யாரும் மிச்சமில்லை, அப்போது அங்கே ஸ்டுடியோ வைத்திருந்து அந்தப் படத்தை எடுத்த அலாபியும் செத்தாயிற்று. எந்தப் பயணம் என்று அம்மாவை யாரும் கேட்டதுமில்லை. அத்தைகள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அம்மாவின் மாடிவீடு இனி இரண்டு பிள்ளைகளுக்கும் சரிபாதி என்றார் குடும்பத் தலைவர் பாபா ஒகுன்ரிந்தே. பிரிப்பதற்குச் சனிக்கிழமை நாள் குறித்தார்.

வியாழன் மத்தியானம் கெஹிந்தே அயின்லாவின் கதவைத் தட்டினான்.

"தூங்குறீங்களாண்ணே?"

"தூங்கிட்டிருந்தேன். யாரு செத்தது?"

"யாரும் சாகல. அந்த அலாபி எடுத்த படம். அதோட நெகட்டிவ் உங்ககிட்ட இருக்கும்னு மொரெனிகே சொன்னா."

மொரெனிகே கெஹிந்தேயின் மனைவி. அம்மா வீட்டின் கீழ்த்தளத்தில் மிளகாய் அரைக்கும் மில் வைத்திருக்கிறாள். பாதி ஊரின் குழம்பு அங்கேதான் அரைபடுகிறது.

அயின்லா பத்தொன்பதாம் டின்னைத் திறந்து மூன்று நெகட்டிவ்களை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். முதலாவதில் சட்டையும் காக்கி நிஜாரும் போட்ட பையன். நிஜாரின் வலது தொடையில் ஒட்டுத்துணி. இரண்டாவதில் கவுன், பாசிமணி, காதில் நூலால் கட்டிய தோடு. ஊருக்குத் தெரிந்தது இந்த இரண்டும்தான். மூன்றாவதை அலாபி தன் சந்தோஷத்துக்கு எடுத்திருக்க வேண்டும். அதில் தோடு போட்ட அதே பிள்ளை கவுனை இடுப்புவரை சுருட்டிப் பிடித்திருந்தது. கீழே அதே காக்கி நிஜார், அதே ஒட்டுத்துணி. இன்னொரு கை முஷ்டியை மடக்கிக் காமிராவுக்கு நேராக ஓங்கியிருந்தது.

கெஹிந்தே எழுந்து போய்க் கதவைச் சாத்தினான்.

"அந்த மூணாவத எரிச்சிடுங்கண்ணே."

"மூணாவதுதான்டா உன் வீட்டக் காப்பாத்தும். மத்த ரெண்டையும் பார்த்தா இரட்டைன்னா ஒரே ஜாடைதானேன்னு சொல்லிடுவா."

"இத வெளிய காட்டினா சந்தையில என்னை என்னன்னு கூப்பிடுவாங்க தெரியுமா?"

"தெரியும். நானே ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கேன்."

"விளையாடாதீங்க. அடுத்த மாசம் தலைவர் ஆகப்போறவன் நானு."

"அப்ப படமே வேணாம். தங்கச்சி சின்ன வயசுலயே செத்துப் போச்சுன்னு எந்திரிச்சு நின்னு சொல்லு."

கெஹிந்தே பாய்ந்து வந்து அவன் வாயைப் பொத்தினான். "வாயக் கழுவுங்க! அந்த வார்த்தைய என் வீட்டுப் பிள்ளை மேல சொல்லாதீங்க."

கையில் தகர வாடை. அயின்லா அந்தக் கையைப் பல்லியை எடுப்பதுபோல எடுத்துத் தள்ளினான். கெஹிந்தேவுக்கு நாற்பத்தைந்து வயது. ஒரு வார்த்தைக்கும் பயம், ஒரு கவுனுக்கும் பயம். நடுவில் ஒரு வீடு போய்க்கொண்டிருக்கிறது.

கடைசியில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். அயின்லா மூன்றாவதைப் பெரிதாக அச்சிட்டு உறையில் போட்டு எடுத்து வருவான். கெஹிந்தே தொப்பியைக் கழற்றினால் அயின்லா காட்டுவான். கழற்றாவிட்டால் உறை பையிலேயே இருக்கும்.

சனிக்கிழமை வீட்டுக்கு முன்னால் பந்தலே போட்டுவிட்டார்கள். வீடு பிரிப்பதற்கும் பந்தல். சமைக்கும் வாசனை வந்துவிட்டதால் சம்பந்தமில்லாதவர்களும் சொந்தமாகியிருந்தார்கள். கொட்டோனூக்காரி நடுநாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நல்ல குரல். கானாவில் தாய் பாடிய தாலாட்டைப் பாடினாள். எந்தத் தாயும் பாடக்கூடிய தாலாட்டு. அத்தைகள் மூக்கைச் சிந்தினார்கள். ஒருத்தி அழுதுகொண்டே அயின்லாவிடம், "இந்தப் பக்கத்துலேர்ந்து எடுப்பா" என்றாள்.

மொரெனிகே மில் வாசலில் கையில் மிளகாய்ச் சிவப்போடு நின்றாள்.

"ஏம்மா, நாப்பது வருஷம் கொட்டோனூலேர்ந்து பஸ்ஸே கிடைக்கலியா? மூணு மணி நேரப் பயணம்."

"அண்ணி, நான் அனுபவிச்ச கஷ்டம் உங்களுக்குத் தெரியாது."

"தெரியாதுதான். மாமியார் மூணு வருஷம் படுக்கையில கிடந்தப்ப பீ அள்ளினது நானு. அந்தக் கஷ்டம் மட்டுந்தான் எனக்குத் தெரியும்."

"பொம்பளைங்க பேச்ச நிறுத்துங்க" என்றார் பாபா ஒகுன்ரிந்தே. அடுப்புப் பக்கம் ஒரு முறை பார்த்தார். "சோறு ஆறறதுக்குள்ள முடிச்சிடலாம். மேல்தளம் கெஹிந்தேக்கு. கீழ்த்தளம் தாய்வோவுக்கு. மில்ல மாசக் கடைசிக்குள்ள எடுத்துடணும். யாருக்காவது மறுப்பு இருக்கா?"

மொரெனிகே புருஷனைப் பார்த்தாள். பந்தலே பார்த்தது. கெஹிந்தேயின் கை தொப்பிக்குப் போயிற்று. தொப்பியைப் பிடித்து, இன்னும் ஒரு விரற்கடை கீழே இழுத்துவிட்டது.

அயின்லாவின் பையில் உறை இருந்தது. அவன் அதைத் தொடவில்லை. காமிராவைத் தூக்கிக் கெஹிந்தேயின் முகத்தில் நிறுத்தினான். ஒரு ஆள் தன் வீட்டை வாய்மூடிக் கொடுத்துவிடும் முகம் அவன் டின்களில் எதிலும் இல்லை. அது வேண்டியிருந்தது.

"மறுப்பு இல்ல" என்றார் பாபா.

அதோடு அந்தப் பெண் வாயை மூடியிருந்தால் கீழ்த்தளம் அவளுடையது. ஜெயித்தவளுக்கு இன்னும் கொஞ்சம் கண்ணீர் மிச்சமிருந்தது. எண்ணெய்த் தாளை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இந்தப் படம் எடுத்த நாள் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு பாபா. என் நீலக் கவுன். அண்ணன் பாவம், காமிராவப் பார்த்து பயந்து அழுதுச்சு. நான்தான் கையப் பிடிச்சு, அழாதடா, நான் இருக்கேன்னு..."

அத்தைகள் "அச்சோ" என்றார்கள். யாரோ சிரித்தார்கள். கூரைத் தகரம் விற்கும் கெஹிந்தே காமிராவுக்குப் பயந்து அழுதானாம்.

"யாரு அழுதது?" கெஹிந்தே எழுந்துவிட்டான். "நானா? நான் அழுதேனா? அந்தாள அடிக்கவே போனேன்! அதுவும் நீலமா? பச்ச! மட்டமான பச்ச! கழுத்துல அரிப்பெடுத்து ரத்தமே வந்துச்சு. அக்குள்ல ஊசி குத்தி வெச்சிருந்தாங்க, கையத் தூக்கினா குத்தும்!"

சிரித்தவர்கள் திரும்பிப் பாபாவைப் பார்த்தார்கள்.

"கவுன் பச்சைன்னு தெரியும், சரி" என்றார் பாபா ஒகுன்ரிந்தே நிதானமாக. "அரிச்சது உனக்கு எப்படித் தெரியும்?"

கெஹிந்தே தலையைத் தடவினான். தொப்பி எழுந்த வேகத்தில் முன்னமே விழுந்திருந்தது. மொரெனிகே அதைக் காலால் தள்ளிவிட்டாள்.

"சொல்லித் தொலைங்களேன்."

"நான்தான்யா போட்டிருந்தேன்! போதுமா? ரெண்டும் நான்தான்!"

முதலில் ஒரு அத்தை சிரித்தாள், இரண்டு நிமிஷம் முன்னால் மூக்கைச் சிந்தியவள். அப்புறம் பந்தல் முழுக்க. ஒருவன் நாற்காலியோடு சாய்ந்து விழுந்தான். கெஹிந்தே அயின்லாவைப் பார்த்து, "எடுக்காதடா!" என்று முஷ்டியை ஓங்கினான். அயின்லா அழுத்தினான்.

பாபா கையைத் தூக்கி எல்லாரையும் அடக்கினார். "அப்ப தாய்வோ?"

"பயணம் போயிருக்கா" என்றான் கெஹிந்தே, தரையைப் பார்த்து. "அந்தக் கவுன நான் போடறதுக்கு நாலு வருஷம் முன்னாடியே போயிட்டா."

இப்போதுதான் எல்லோருக்கும் அது எந்தப் பயணம் என்று புரிந்தது. புரிந்ததும் அத்தைகள் கொட்டோனூக்காரி பக்கத்திலிருந்து நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

"அங்கேர்ந்து யாரும் பஸ் பிடிச்சு வந்ததில்லையே தாயி" என்றார் பாபா.

அவள் அழவில்லை. அவர்கள் எல்லோரையும்விட அவளுக்குத்தான் கொஞ்சம் மானம் இருந்தது என்று அயின்லாவுக்குத் தோன்றியது. தாளை நாலாக மடித்தாள். "விடியக்காலைல கிளம்பினது. சாப்பிட்டுப் போறேன்" என்றாள். பயறை அரைத்து இலையில் வேகவைத்த மொயின்-மொயின் இரண்டை மொரெனிகே அவள் மடியில் போட்டாள். "வழியில தின்னுக்கோ. மூணு மணி நேரந்தானே."

அதற்கப்புறம்தான் அயின்லா உறையை எடுத்து நீட்டினான். யாருக்கும் அது தேவைப்படவில்லை, ஆனாலும் ஆளாளுக்குப் பிடுங்கிப் பார்த்தார்கள். உறை சோற்றுப் பந்திவரை போய்க் குழம்புக்கறையோடு திரும்பியது. திங்கட்கிழமைக்குள் கெஹிந்தேவுக்கு 'சிஸ்டர்' என்று பேராகிவிட்டது. சந்தைத் தலைவர் பதவியை வேறு ஒருவனுக்குக் கொடுத்தார்கள். அவன் கெஹிந்தேயைவிட மோசமானவன், ஆனால் படங்களில் எப்போதும் நிஜார் போட்டிருந்தான்.

புதன்கிழமை மொரெனிகே அயின்லாவின் அறைக்கு வந்தாள். மூன்றாவது படத்தைப் பெரிதாக்கி மில்லில் மாட்ட வேண்டும் என்றாள். அவன் புதிதாகக் கழுவிய படத்தை அவளிடம் காட்டினான். தொப்பி இல்லை, வாய் திறந்திருக்கிறது, முஷ்டி காமிராவுக்கு நேராக. பத்தொன்பதாம் டின்னிலிருந்த பிள்ளை நாற்பது வருஷமாகக் கையை இறக்கவே இல்லை போலிருந்தது.

அவள் நன்றாகச் சிரித்துவிட்டு நிறுத்தினாள்.

"உறை உங்க பையிலதானே இருந்துச்சு?"

"இருந்துச்சு."

"மறுப்பு இருக்கான்னு பாபா கேட்டப்ப?"

"அவன் தொப்பியக் கழட்டல."

"அவரு கவுனுக்குப் பயந்த மடையன். உங்களுக்கு என்ன வந்துச்சு? என் மில்லு போகப் போகுது, நீங்க போட்டோக்கு நல்ல மூஞ்சி வருதான்னு பார்த்துக்கிட்டு நின்னீங்க."

அயின்லா படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டான். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள பெருசா போட்டுக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவன் படத்தைத் திருப்பித் தேதி எழுதினான். கீழே வழக்கம்போல உண்மையை எழுதப் போனான். 'கெஹிந்தே. வீடு தப்பியது, வாய்க்கொழுப்பால்' என்று எழுதினான். பேனாவைத் தாளிலிருந்து எடுக்கவில்லை. அடுத்த வரியில் 'படம் எடுத்தவன் பையில் உறை இருந்தது' என்று எழுதி, மை காய்வதற்கு முன்னாலேயே டின்னில் போட்டு மூடினான்.