சுப்பராயன் கேட்ட இருநூற்றுப் பதினான்கு கேள்விகள்

அரசப்பனுக்கு ஆரம்பாக்கத்துக்கு மேற்கே நாற்பது ஏக்கர் நெல் நிலம் இருந்தது, இரண்டு அரிசி ஆலை இருந்தது, கட்சியில் ஒன்றியச் செயலாளர் பதவியும் இருந்தது. எம்.பி. ஆகும் வழி மட்டும் இல்லை. தொகுதி தனித்தொகுதி, அவர் சாதிக்காரர்கள் நிற்க முடியாது. அதனால் தனக்குப் பதிலாகத் தில்லியில் போய் உட்கார ஓர் ஆளைத் தேடினார். படித்தவர்கள் மூன்று பேர் வந்து கேட்டார்கள். அதில் ஒருவர் வக்கீல். அவரிடம் அரைமணி நேரம் பேசிப் பார்த்துவிட்டு, ரொம்ப விவரமானவர் என்று சொல்லி அனுப்பிவைத்தார். அரசப்பன் வாயில் அது ஒரு வசவு.

கடைசியில் சுப்பராயன் கிடைத்தார். சுப்பராயனின் அப்பா அரசப்பனின் கழனியில் நாற்பது வருஷம் உழைத்தவர். சுப்பராயன் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் எடைமேடையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்த்துவந்தார். லாரி வரும்; எடை பார்ப்பார்; சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். கட்சிக் கூட்டம் என்றால் முந்தின நாளே போய்க் கொடி கட்டுவார். மேடையில் ஏறியதில்லை. ஐம்பத்தொரு வயதில் அவரைக் கூப்பிட்டு அரசப்பன் விஷயத்தைச் சொன்னபோது, ஏதோ வேறு சுப்பராயனைப் பற்றிப் பேசுகிறார் என்றே அவர் நினைத்தார்.

“நீ ஒண்ணியும் பேச வாணாம். போயி குந்திக்கினு வா. மத்ததெல்லாம் என் மாப்ள வசந்து பாத்துக்குவான்” என்றார் அரசப்பன்.

அந்தத் தேர்தலில் கட்சிக்கு அலை அடித்தது. சுப்பராயன் வாயைத் திறக்காமலே லட்சம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். அவர் மனைவி ஞானம்மா, இறால் சுத்தம் செய்யும் கம்பெனியில் பார்த்துவந்த வேலையை விடவில்லை. எம்.பி. பெண்டாட்டி இறால் உரிப்பதா என்று கட்சிக்காரர்கள் வந்து முறையிட்டார்கள். “அவரு வேல அஞ்சு வருசந்தான். எனுக்கு பி.எஃப். கீது” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

தில்லியில் எம்.பி.க்கு ஒதுக்கிய வீட்டில் பெரிய அறையில் அரசப்பனின் மாப்பிள்ளை வசந்தகுமார் தங்கினான். சமையலறைக்குப் பக்கத்துச் சின்ன அறை எம்.பி.க்கு. லெட்டர்பேடு, முத்திரை, கேள்வி அனுப்பும் பாஸ்வேர்டு மூன்றும் வசந்தகுமாரிடம் இருந்தன. சுப்பராயனுக்கு இந்தியும் வராது, இங்கிலீஷும் வராது. ஆனால் வேலைக்கு மட்டம் போடும் பழக்கம் அவருக்குக் கிடையாது. ஷிப்டுக்குப் போவதுபோல் தினமும் சபைக்குப் போனார். பக்கத்தில் இருப்பவர்கள் மேசையைத் தட்டினால் அவரும் தட்டினார். எழுந்து வெளியே போனால் அவரும் போனார். ஒருமுறை எதற்கென்று தெரியாமலே வெளிநடப்பு செய்து, வராந்தாவில் நின்று டி.வி.க்காரர்களிடம் கையசைத்துவிட்டு வந்தார். அன்று மாலை ஊரில் அவருக்கு வெடி போட்டார்கள்.

இப்படி நான்கு வருஷம் போயிற்று. சென்னையில் ஓர் அமைப்பு எம்.பி.க்களுக்கு மதிப்பெண் போட்டது. சுப்பராயனின் வருகை தொண்ணூற்றெட்டு சதவீதம். அவர் கேட்ட கேள்விகள் இருநூற்றுப் பதினான்கு. சிறந்த எம்.பி. என்று மேடையில் சால்வை போட்டு, கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். கீழே இறங்கியதும் ஒரு பத்திரிகைக்காரப் பெண், உலோகக் கலவை இறக்குமதி வரியைப் பற்றி அவர் கேட்ட கேள்வி மிக ஆழமாக இருந்ததென்றும், அதற்கான காரணம் என்னவென்றும் கேட்டாள். சுப்பராயன், அது ரகசியம் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். மறுநாள் பத்திரிகையில் அதுவே தலைப்பாக வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் மெர்சியைக் கூப்பிட்டு, தான் கேட்ட கேள்விகளையெல்லாம் படித்துக் காட்டச் சொன்னார். மெர்சி டயர் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தாள். எதையும் வரிசையாகப் பார்ப்பவள். நாடாளுமன்ற இணையதளத்தைப் போனில் திறந்து, ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். துறைமுகத்துக்குச் சாலை கேட்டிருந்தார். அந்தச் சாலை போகும் இடத்தில் அரசப்பன் போன வருஷம் பதினெட்டு ஏக்கர் வாங்கியிருந்தார். அரிசி ஆலைக்கு மானியம் கேட்டிருந்தார். நூற்று அறுபதாவது கேள்விக்கு வந்ததும் மெர்சி நிறுத்தி, மறுபடி ஒருமுறை தனக்குள் படித்தாள். சிறிய உருக்காலைகள் தூசி பிடிக்கும் கருவி வைத்தே ஆக வேண்டும் என்ற விதியைத் தளர்த்த அரசு முன்வருமா என்று அவர் கேட்டிருந்தார்.

அவர்கள் தெருவுக்குப் பின்னாலேயே அப்படி ஓர் உருக்காலை இருந்தது. அரசப்பனின் மச்சானுடையது. வெள்ளைத் துணி காயப்போட்டால் மாலைக்குள் சாம்பல் நிறமாகிவிடும். ஞானம்மா கொடியிலிருந்து எடுத்த துணியை இன்னொரு முறை அலசித்தான் மடிப்பார்.

“இத நீயா கேட்ட?” என்றார் ஞானம்மா.

சுப்பராயன் தலையை ஆட்டி மறுத்தார்.

“உம் பேரு கீதே” என்றார் ஞானம்மா. கொடியில் காய்ந்த துணியை மறுபடி அலச எடுத்துப் போனார்.

சுப்பராயன் அரசப்பனிடம் போய், ரொம்பத் தயங்கித் தயங்கி விஷயத்தை எடுத்தார். அரசப்பன் கோபப்படவில்லை. உன் பேரில் கேள்வி கேட்டால் உனக்குத்தானே மரியாதை, சால்வை யார் தோளில் விழுந்தது என்று கேட்டார். சுப்பராயன் வீட்டுக்கு வந்து கேடயத்தை எடுத்துப் பரண்மேல் போட்டார்.

அடுத்த கூட்டத்தொடரில் வசந்தகுமார் அதே தூசிக்கருவிக் கேள்வியை, அமைச்சர் சபையில் வாயால் பதில் சொல்லும்படி மறுபடி அனுப்பினான். குலுக்கலில் அது மேலே வந்துவிட்டது. கேள்வி எண்ணைச் சொன்னால் போதும். அமைச்சர் பதிலை வைப்பார். பிறகு துணைக்கேள்வி ஒன்று கேட்க வேண்டும். விதி எப்போது தளர்த்தப்படும் என்ற ஒரு வரியைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி அவர் சட்டைப்பையில் வைத்துவிட்டான் வசந்தகுமார். அமைச்சர் அலுவலகத்திலும் அதை முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தான்.

சபாநாயகர் பெயரைச் சொன்னார். சுப்பராயன் எழுந்தார். கேள்வி எண்ணைச் சொன்னார்; அமைச்சர் பதிலை வைத்தார். துணைக்கேள்விக்குச் சுப்பராயன் சீட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

“தலைவரே, இந்தக் கேள்விய நான் கேக்கல” என்று தமிழில் ஆரம்பித்தார். “எங்க தெருவுல துணி காயப்போட முடியல. பானைய மூடி வெச்சாலும் சோத்துல கரி உழுது. கொயந்திங்க இருமிக்கினே கீதுங்க. விதியத் தளத்தாதீங்க. இன்னும் இறுக்கிப் பிடிங்க.”

நான்கு வருஷத்தில் அவர் சபையில் பேசியது அவ்வளவுதான். மொழிபெயர்ப்பாளர் சரியாகத்தான் மொழிபெயர்த்தார். ஆனால் அமைச்சர் ஹெட்போனை மாட்டிக்கொள்ளவில்லை. கையிலிருந்த தாளைப் பார்த்து, மாண்புமிகு உறுப்பினரின் கோரிக்கை மிக நியாயமானது, மூன்று மாதத்துக்குள் விதி தளர்த்தப்படும் என்று படித்தார். சுற்றிலும் மேசையைத் தட்டினார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர் எட்டிக் கைகொடுத்தார். சுப்பராயன் மறுபடி எழுந்தார். அதற்குள் மைக் அடுத்த கேள்விக்குப் போய்விட்டது. அமைச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். யாரோ தோளைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

மூன்று மாதம் என்று சொன்னதை இரண்டே மாதத்தில் செய்துவிட்டார்கள். சுப்பராயன் தெருமுனையில் உருக்காலை முதலாளிகள் சங்கம், தொழில் காத்த தலைவருக்கு நன்றி என்று அவர் படத்தைப் போட்டுப் பேனர் கட்டியது. தெருக்காரர்கள் அதைப் பார்த்தார்கள். பிறகு அவரைப் பார்த்தார்கள். மாடிவீட்டுக் கன்னியம்மா எம்.பி. வீட்டு வாசலிலேயே காறித் துப்பிவிட்டுப் போனாள். பேனரை அவரே ஏணி போட்டு அவிழ்த்தார். ஆனால் ஊர் முழுக்க அப்படி இருபது பேனர்கள் இருந்தன.

அடுத்த தேர்தலில் அவருக்குச் சீட்டு இல்லை. “பேசப் பழகிட்டான். இனிமே ஒதவ மாட்டான்” என்று அரசப்பன் கட்சி அலுவலகத்தில் சொன்னாராம். புதிதாகக் கிடைத்தவர் அன்பு என்று ஒரு கம்பெனி வாட்ச்மேன். எதைக் கேட்டாலும் சல்யூட் அடிப்பார். அவரும் ஜெயித்தார். வசந்தகுமார் அறையைக்கூட மாற்றிக்கொள்ளவில்லை.

சுப்பராயன் உருக்காலைத் தூசிக்கு எதிராக மனு எழுதிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, கலெக்டர் அலுவலகக் குறைகேட்பு நாளில் போய் வரிசையில் நின்றார். அதிகாரி கோப்பைப் புரட்டிவிட்டு, விதியைத் தளர்த்தியது அப்போதைய எம்.பி. சபையிலேயே கேட்டுக்கொண்டதன் பேரில் செய்தது, அவரைப் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டார்.

“நாந்தான் சார் அந்த எம்.பி. மனுவும் என் மேலதான்” என்றார் சுப்பராயன்.

அதிகாரி பதறி எழுந்து, நாற்காலி போட்டு, டீ வரவழைத்தார். மனுவை எம்.பி.யின் கருத்துக்கு அனுப்பினார். இருபது நாளில் அன்புவின் லெட்டர்பேடில் பதில் வந்தது: அந்தப் பகுதியில் தூசி என்று எதுவும் இல்லை.

அதை மெர்சி படித்துச் சொன்னபோது ஞானம்மா அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தார். புது விதியை எடுத்துப் படித்த மெர்சிக்கு வேறொன்று கண்ணில் பட்டது. கருவி வைக்க வேண்டாம் என்றுதான் விதி தளர்ந்திருந்தது. காற்றில் எவ்வளவு தூசி இருக்கலாம் என்ற அளவு அப்படியே இருந்தது. அதையும் தளர்த்தச் சொல்லிக் கேட்க வசந்தகுமாருக்குத் தோன்றவில்லை.

அடுத்த திங்கட்கிழமை, குறைகேட்பு நாளில், ஞானம்மா சம்பளம் போனாலும் போகட்டும் என்று லீவு போட்டு, தெருப் பெண்கள் முப்பத்திரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். கன்னியம்மாவும் வந்தாள். ஆளுக்கொரு மனு, ஒவ்வொன்றோடும் அவரவர் மொட்டைமாடியில் கூட்டிய கரித்தூள் ஒரு பொட்டலம். வாங்கிய எழுத்தரின் சட்டை பத்து நிமிஷத்தில் கறுத்துவிட்டது.

அந்த வாரமே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காரர்கள் தெருத் தண்ணீர்த்தொட்டி மேல் தூசி அளக்கும் மிஷின் வைத்தார்கள். அன்று காலையிலிருந்து உருக்காலையில் புகையே இல்லை. சாயங்காலம் எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு மிஷினை எடுக்க வந்தார்கள். பெண்கள் தொட்டிப் படிக்கட்டில் வழியை மறித்து உட்கார்ந்திருந்தார்கள்.

“அவன் அடுப்பு மூட்டட்டும், அப்பால எடுத்துக்கினு போ” என்றார் ஞானம்மா.

ஐந்து நாள் பொறுத்தார் அரசப்பனின் மச்சான். ஆறாம் நாள் அவருக்கு ஆர்டர் கெடு நெருங்கிவிட்டது, உலையை மூட்டினார். மிஷின் பதினோரு நாள் ஓடியது. அளவு வரம்பைப் போல நான்கு மடங்கு வந்தது. கருவி வைக்கும்வரை உலையை மூட உத்தரவு வந்தது.

அடுத்து வந்த உள்ளாட்சித் தேர்தலில் ஞானம்மா எந்தக் கட்சியும் இல்லாமல் வார்டுக்கு நின்றார். சுப்பராயன் வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தார். ஒரு கூட்டத்தில் தானும் இரண்டு வார்த்தை பேசலாமா என்று கேட்டார். ஞானம்மா யோசித்துப் பார்த்துவிட்டு, ஓட்டு எண்ணி முடியட்டும் என்றார். நாற்பத்தொரு ஓட்டில் ஜெயித்தார்.